கம்பி, காந்தம், ₹1,86,000: உச்சிப்புளி, மண்டபம் பக்கம் உள்ளவங்க உஷாரா இருங்க

கோபத்துல எழுதுறேன், முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்குங்க. ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம் ரூபாய். உச்சிப்புளிக்குக் கிழக்க எங்கம்மா பேருல இருக்குற தென்னந்தோப்புல போர் போட்டோம். அதுல வர்ற தண்ணியை ஆடு மோந்து பார்த்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போகுது.

நீரோட்டம் பார்த்து இடம் காட்டுன ஆள் பேரு, கம்பெனி பேரு எழுத மாட்டேன், புகார் கொடுத்திருக்கோம். ஆனா எந்த ரகம்னு சொல்லிடுறேன். வீடியோ பாக்குற ஆப்ல இடையிடையே விளம்பரம் வரும்: ஜெர்மன் தொழில்நுட்பம், நிலத்தடி நீரோட்டம், நூறு சதவீத உத்தரவாதம். கூப்பிட்டா கார்ல வந்து இறங்குவாங்க. தேங்காய், வேப்பங்கவட்டை எதுவும் இருக்காது. பச்சைப் பெட்டி ஒண்ணு, அதுல இருந்து வயர், வயர் முனையில வளைச்ச ரெண்டு பித்தளைக் கம்பி. "தேங்காய் வச்சுப் பாக்குறதெல்லாம் மூடநம்பிக்கை தாயி, நம்மளது சயின்ஸு"ன்னு அந்த ஆளே சொன்னான். மூடநம்பிக்கையைத் திட்டிக்கிட்டே விக்கிறான் பாருங்க, அங்கதான் இருக்கு சூட்சுமம்.

எங்க வீட்டுல எல்லாரும் விழுந்த இடம் எதுன்னு சொல்றேன். தோப்பு நடுவுல நின்னு, கம்பி ரெண்டையும் எங்கம்மா கையில கொடுத்தான். "நீங்களே நடங்க தாயி, நான் தொடவே மாட்டேன்." அம்மா செருப்பைக் கழட்டிட்டு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நடந்தாங்க. மூணாவது வரிசை மரம் தாண்டுனதும் ரெண்டு கம்பியும் மெதுவா உள்ள திரும்பி ஒண்ணு மேல ஒண்ணு குறுக்க நின்னுச்சு. "இழுக்குதுடா, நெசமா இழுக்குது"ன்னாங்க அம்மா. அவங்க பொய் சொல்ற ஆள் இல்ல. தாய்மாமா உடனே சுண்ணாம்பை எடுத்து அந்த இடத்துல வட்டம் போட்டுட்டாரு. 320 அடியில நல்ல தண்ணி, ரெண்டு இஞ்ச் வரும்னான். பார்த்ததுக்குக் கூலி 12,000. அவனே கூட்டிட்டு வந்த ரிக் வண்டி, கேசிங் பைப்பு, கம்ப்ரசர் எல்லாம் சேர்த்து 1,38,000.

அம்மா கையில கம்பி திரும்புனது உண்மை. திருப்புனது தண்ணி இல்ல, அவங்க கைதான், அவங்களுக்கே தெரியாம. அந்தக் கம்பி கையில நிக்கிறதே ஒரு மயிரிழை சமநிலையில. மணிக்கட்டு கொஞ்சம் உள்ள சாஞ்சாலே ஓடித் திரும்பிடும். "இங்கதான் வரும்"னு மனசு எதிர்பார்த்தா போதும், தசை அதைச் செஞ்சு முடிச்சிடும். 1833-லயே செவ்ரல்ங்கிற பிரெஞ்சு வேதியியலாளர், நூல்ல கட்டிக் கையில தொங்க விட்ட குண்டை வச்சு இதைச் சோதிச்சு எழுதிட்டார். கண்ணைக் கட்டுனதும் குண்டு ஆட்டம் நின்னு போச்சு. 1852-ல கார்ப்பென்டர்ங்கிற இங்கிலாந்துக்காரர் இதுக்குப் பேரே வச்சுட்டார். மூணாவது வரிசை மரத்தை அந்த ஆள் முதல்லயே ரெண்டு தடவை உத்துப் பார்த்து "ம்ம்"னு தலையாட்டுனது எனக்கு இப்பத்தான் உறைக்குது.

ஜெர்மன்னு சொன்னான்ல, அந்த ஜெர்மனியிலயே காசல் ஊர்ல 1990-ல இதைச் சோதிச்சிருக்காங்க. மண்ணுக்குக் கீழ அரை மீட்டர்ல குழாய், தண்ணியை ஓட விடுவாங்க, நிறுத்துவாங்க. ஓடுதா இல்லையான்னு சொல்லணும், அவ்வளவுதான். நீரோட்டம் பாக்குற முப்பது பேர் கலந்துக்கிட்டாங்க. முடிவு, காசு சுண்டிப் போட்டாலும் அவ்வளவு சரியா வரும். பெட்டிக்கும் இதே கதைதான். இதே மாதிரி ஏரியல் வச்ச கருவியை வெடிகுண்டு கண்டுபிடிக்கும்னு ஈராக்குக்கு வித்த ஆளுக்கு 2013-ல இங்கிலாந்து கோர்ட்டு பத்து வருஷம் ஜெயில் போட்டுச்சு. உள்ள வேலை செய்யிற பொருள் ஒண்ணுமே கிடையாது.

"அப்ப பக்கத்துத் தோப்புல அவன் காட்டுன இடத்துல தண்ணி வந்துச்சே"ன்னு மாமா இன்னும் கேக்குறாரு. மாமா, நம்ம கடக்கரை மணல்ல எங்க தோண்டுனாலும் தண்ணி வரும். ஆறு மாதிரி கீழ ஓடுறதில்ல, மணல் முழுக்க ஊறி நிக்கிது. நமக்குத் தெரிய வேண்டியது தண்ணி இருக்கான்னு இல்ல, உப்பு எங்க ஆரம்பிக்குதுன்னு. மழைத்தண்ணி கடல்தண்ணியை விட லேசு, அது மேல மிதக்கும். கடல்மட்டத்துக்கு மேல நல்ல தண்ணி ஒரு அடி நின்னா, கீழ சுமார் நாப்பது அடி வரைக்கும் நல்ல தண்ணி தாங்கும்னு ஒரு கணக்கு இருக்கு. அதையும் தாண்டி ஓட்டைய போட்டா? சில இடத்துல களிமண் அடுக்குக்குக் கீழ ஆழத்துல நல்ல தண்ணி சிக்கும், இல்லங்கல. அது இருக்கா இல்லையான்னு கம்பி சொல்லாது. எங்க அப்பத்தா காலத்துல மணல்ல ஊத்துத் தோண்டி, சிரட்டையால மோந்து குடம் நிரப்புனது சும்மாவா?

ரிக் வண்டி போனதும் தண்ணி கலங்கலா வந்துச்சு, அப்புறம் தெளிஞ்சுச்சு. வாயில வச்சா கரிக்குது. தண்ணியில கரைஞ்ச உப்பைக் காட்டுற டிடிஎஸ் மீட்டர்ல 6,400. குடிதண்ணிக்கு 500 இருக்கணும், வேற வழியே இல்லன்னா 2,000 வரை போகலாம்னு இந்தியத் தரநிர்ணயம்.

போன் பண்ணுனா முதல்ல "புதுப் போர் அப்படித்தான் தம்பி, ஓட ஓட இனிச்சிடும்". ஓட்டுனோம், கரண்டு பில்லுதான் ஏறுச்சு. அப்புறம் "வட்டத்துல இருந்து ரெண்டடி தள்ளி இறக்கிட்டீங்க". இறக்குனது அவன் கூட்டிட்டு வந்த வண்டி! அதுக்கப்புறம் நேர்ல வந்து ஒரு காந்தக் கருவியை எடுத்தான். பைப்புல மாட்டுனா உப்பைப் பிரிச்சு இனிப்பாக்கும்னு சொல்லி 36,000. நான் ஊர்ல இல்லாத நேரம், அம்மாகிட்ட. தண்ணியில கரைஞ்ச உப்பு காந்தத்துக்குப் பயந்து எங்கயும் போகாது, உள்ள போன உப்பு அப்படியே வெளிய வரும். மாட்டுறதுக்கு முன்னாடியும் 6,400, பின்னாடியும் 6,400. கேட்டா, "காந்தம் பிடிக்க ஒரு மண்டலம் ஆகும் தம்பி". ஐயப்பனுக்கா மாலை போட்டிருக்கோம்?

மண்டலம் முடிஞ்சதும் நேரா கேட்டேன், "கண்ணைக் கட்டிக்கிட்டு அதே வட்டத்தைத் திரும்பக் காட்டுங்க, ஒரு பைசா கேக்க மாட்டேன்." "நம்பிக்கை இல்லாதவங்க பக்கத்துல நின்னா கருவி ஒத்துழைக்காது"ன்னான். இப்பத்தான சயின்ஸுன்னே? கடலுக்கு அந்தப் பக்கம் கொழும்புல இருந்த பகுத்தறிவாளர் டாக்டர் கோவூர் 1963-ல ஒரு லட்சம் ரூபாய் பந்தயம் வச்சாரு, ஏமாத்து வேலை இல்லாம அதிசய சக்தியைக் காட்டுங்கன்னு. 1978-ல அவர் சாகுற வரைக்கும் ஒருத்தனும் ஜெயிக்கல. எல்லாருகிட்டயும் இந்த மாதிரி ஒரு சாக்கு இருந்திருக்கும் போல.

இப்ப நம்பரை பிளாக் பண்ணிட்டான். ஆபீஸ்ல ஒரு பொண்ணு எடுத்து, "ரசீதுல ஆலோசனைக் கட்டணம்னுதான் சார் இருக்கு, உத்தரவாதம்னு எங்கயும் இல்லையே"ங்குது. 12,000-க்கு மட்டும்தான் ரசீது. மிச்சத்துக்கு வெள்ளைப் பேப்பர்ல கையெழுத்து. 1,74,000 ரூபாய்க்கு வெள்ளைப் பேப்பர்!

என்ன பண்ணணும்னு விரிவா எழுதலாம்னு உக்காந்தேன், கை ஓடல. சுருக்கமா:

போர் போடுறதுக்கு முன்னாடி வேளாண் பொறியியல் துறையில எழுதிக் கொடுங்க, நாலு கம்பியை நிலத்துல அடிச்சு கரண்டு விட்டுப் பாக்குற சோதனை அவங்ககிட்ட இருக்கு. உப்புத் தண்ணியில கரண்டு சுளுவா ஓடும், அதனால அந்தச் சோதனையில உப்பு தெரியும். பக்கத்துக் கிணத்துத் தண்ணியை குடிநீர் வடிகால் வாரிய லேப்ல கொடுத்துப் பாருங்க. எவன் பெட்டியோட வந்தாலும் கண்ணைக் கட்டிக் காட்டச் சொல்லுங்க, முதல்லயே, காசு கொடுக்குறதுக்கு முன்னாடி. வெள்ளைப் பேப்பர் வாங்காதீங்க. ஏமாந்திருந்தா நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் அடிங்க. அஞ்சு லட்சத்துக்குள்ளன்னா நுகர்வோர் ஆணையத்துல மனு போடக் கட்டணம் கிடையாது.

காந்தக் கருவியைக் கழட்டி வச்சிருக்கேன், ஆணையத்துல காட்டணும். இதே பச்சைப் பெட்டி ஆள்கிட்ட ஏமாந்தவங்க தொண்டி, தேவிபட்டினம் பக்கம் இருந்தீங்கன்னா இன்பாக்ஸ்ல வாங்க, சேர்ந்து மனு போடலாம்.