பன்னீர் ரோஜாவா, ஒட்டு ரோஜாவா, பட்டன் ரோஜாவா?

நர்சரிக்குள் நுழைந்ததும் கண் நேராக நிறத்துக்குத்தான் போகும். இரண்டு வண்ணத்தில் கையகலப் பூவைப் பார்த்துவிட்டால் பக்கத்தில் இருக்கும் சாதாரண இளஞ்சிவப்புச் செடியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சென்னை, மதுரை, திருச்சி மாதிரி வெயில் ஊர்களில் வாசலிலோ மாடியிலோ ஒன்றிரண்டு ரோஜா வைக்க நினைப்பவர்களுக்கு என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மணத்தைப் பார்த்து வாங்குங்கள். நோய் வந்தால் மருந்து இருக்கிறது. பூ சிறுத்தால் கவாத்தும் எருவும் இருக்கின்றன. மணம் மட்டும் செடியின் பிறப்போடு வருவது. மணமில்லாத ரகத்துக்கு எந்த உரத்தைப் போட்டாலும் மணம் வராது.

இதற்கு நல்ல ஆதாரம் உண்டு. 2015-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இரண்டு சிவப்பு ரோஜாக்களை ஒப்பிட்டார்கள். ஒன்று மணத்துக்குப் பேர்போன பாப்பா மெய்யாண். இன்னொன்று மணம் மிகக் குறைந்த ரூஜ் மெய்யாண். மணமுள்ள பூவின் இதழ்களில் நுட்எக்ஸ்1 என்ற நொதி மும்முரமாக வேலை செய்வதும், மற்றதில் அது ஏறக்குறைய இல்லாமலே இருப்பதும் தெரியவந்தது. ரோஜா மணத்தின் முக்கியப் பொருளான ஜெரானியால் உருவாவதற்கு வழி செய்வது அந்த நொதிதான். இரண்டுமே அழகான பூக்கள்தான். நிறத்தைப் பார்த்து மணத்தை ஊகிக்க முடியாது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இப்போது போட்டியாளர்களுக்கு வருவோம். பூக்கடையில் நாம் பன்னீர் ரோஜா என்று வாங்குவதும், தோட்டக்கலைக்காரர்கள் எட்வர்டு ரோஜா என்று எழுதுவதும் பெரும்பாலும் ஒன்றுதான். இதன் பூர்வீகம் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவு. அந்தத் தீவின் பழைய பெயர் பூர்போன். அங்கே வேலிக்காக நட்டிருந்த டமாஸ்க் ரோஜாவும் சீன ரோஜாவும் தானாகக் கலந்து பிறந்த செடி இது. டமாஸ்க் மணத்தைத் தந்தது. சீன ரோஜா, அடுத்தடுத்துப் பூக்கும் குணத்தைத் தந்தது. நம் ஊர் வெயிலில் ஆண்டு முழுக்க விட்டுவிட்டுப் பூப்பதற்கு அந்தச் சீன வழிதான் காரணம். திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டைப் பக்கம் மாலைக்காக வயல் வயலாகப் போட்டிருக்கிறார்கள் என்றால், அந்த மண்ணும் வெயிலும் இதற்கு ஒத்துப்போனதால்தானே?

இதன் குறைகளையும் சொல்ல வேண்டும். நிறம் ஒன்றே ஒன்று, இளஞ்சிவப்பு. இதழ்கள் மெல்லியவை. வெயில் ஏறினால் மறுநாளே உதிர்ந்துவிடும், அதனால் ஜாடியில் வைக்க லாயக்கில்லை. உடம்பெல்லாம் முள். ஆளுயரத்துக்கு வளரும் என்பதால் சின்னத் தொட்டியில் திணறும். ஆனால் ஒரு பெரிய பலம் இருக்கிறது. பென்சில் தடிமனுள்ள குச்சியை வெட்டி ஊன்றினாலே வேர்விடும். அப்படி வளர்ந்த செடிக்கு வேரும் தண்டும் ஒரே ரகம். மழையில் இலையெல்லாம் கொட்டினாலும், மாடு கடித்துத் தரையோடு போனாலும், துளிர்த்து வரும்போது அதே பன்னீர் ரோஜாவாகத்தான் வரும். விடியற்காலையில் பறித்தால்தான் மணம் முழுசாகக் கிடைக்கும். குல்கந்து போட நினைப்பவர்கள், நர்சரியிலிருந்து வந்த புதிதில் பூக்கும் பூக்களைத் தொட வேண்டாம். அங்கே என்ன மருந்து அடித்தார்கள் என்று நமக்குத் தெரியாது. ஒரு கவாத்து முடிந்து, மருந்தில்லாமல் நம் கையில் வளர்ந்த கிளைகளில் பூத்ததை எடுங்கள்.

அடுத்தது ஒட்டு ரோஜா, அதாவது வேறொரு ரோஜாவின் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டி வளர்த்தது. இதில் பெரும்பாலானவை ஹைப்ரிட் டீ வகை. 1867-ல் வந்த லா பிரான்ஸ் என்ற ரகத்தை இந்த வகையின் தொடக்கமாகச் சொல்வார்கள். நீண்ட காம்பு, கூம்பிய மொட்டு, பெரிய பூ. அழகில் பன்னீர் ரோஜா இதன் கிட்டே வராது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஒரு நிறத்துக்குக் கொடுத்த விலையை இன்றும் நம் செடிகள் கட்டிக்கொண்டிருக்கின்றன. 1900-ல் பிரான்சின் லியோன் நகரத்தில் புது ரோஜா ரகங்களை உருவாக்கிவந்த பெர்னே துஷே, பாரசீக மஞ்சள் ரோஜாவைக் கலந்து சொலேய் தோர் என்ற ரகத்தைக் கொண்டுவந்தார். தோட்ட ரோஜாக்களில் பளிச்சென்ற மஞ்சளும் ஆரஞ்சும் பரவியது அதற்குப் பிறகுதான். கூடவே, இலையில் கறுப்புப் புள்ளி விழுந்து உதிரும் கரும்புள்ளி நோய்க்குச் சட்டென்று ஆளாகும் குணமும் வாரிசுகளுக்கு வந்தது. எல்லா மஞ்சளும் நோஞ்சான் என்று சொல்லவில்லை. ஐப்பசி அடைமழையில் உங்கள் மஞ்சள் ரோஜா முதலில் மொட்டையானால் பழியை உங்கள் மேல் போட்டுக்கொள்ளாதீர்கள் என்கிறேன்.

ஒட்டு ரகங்களில் மணமும் வேண்டும் என்றால் எனக்குப் பிடித்தவை மூன்று: பாப்பா மெய்யாண் (1963), மிஸ்டர் லிங்கன் (1964), டபுள் டிலைட் (1977). முதல் இரண்டும் கருஞ்சிவப்பு. சித்திரை வெயிலில் அந்தக் கரும் இதழ்களின் விளிம்பு கருகிவிடும். மதியத்துக்கு மேல் நிழல் விழும் இடம் இருந்தால் மட்டும் வாங்குங்கள். டபுள் டிலைட்டுக்கு வெயில் பட்டால்தான் வெண்மையில் சிவப்பு ஏறும் என்பதால், திறந்த மொட்டை மாடிக்கு நான் அதையே சொல்வேன். சாம்பல் நோய் மட்டும் அதற்கு ஜென்மப் பகை. ஊட்டி ரோஜாப் பூங்காவில் இந்த மாதிரிச் செடிகளின் செழிப்பைப் பார்த்துவிட்டு அதே பூவை மதுரையில் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

ஆரோக்கியம் என்பது ரகத்தை மட்டுமல்ல, ஊரையும் பொறுத்தது. கரும்புள்ளிக்கு இலை பல மணி நேரம் நனைந்தே இருக்க வேண்டும், அதனால் வடகிழக்குப் பருவமழையில் சென்னையில் அதன் ராஜ்ஜியம். சாம்பல் நோய்க்கு நனைய வேண்டியதே இல்லை, காய்ந்த பகலும் குளிர்ந்த ஈர இரவும் போதும். மார்கழி, தை மாதங்களிலும் ஓசூர் பக்கமும் அது வெள்ளைப் பொடி தூவிய மாதிரி துளிரைச் சுருட்டும். இரண்டுக்கும் பொதுவான வைத்தியம் காற்றோட்டம். காலையில், வேரில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். புள்ளி விழுந்து உதிர்ந்த இலைகளைத் தொட்டியிலேயே விடாமல் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். சாம்பல் நோய்க்கு அடிக்கும் கந்தகத் தூளைக் கோடை வெயிலில் அடித்தால் இலை கருகும், அதைப் பனிக்காலத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கோடையில் சிலந்திப்பேன் வந்தால் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சியடித்தாலே பாதி குறையும்.

ஒட்டு ரோஜாவில் இன்னொரு தொல்லை உண்டு. ‘வாங்கும்போது சிவப்பாக இருந்தது, இப்போது காட்டு ரோஜாவாகிவிட்டது’ என்று பலர் சொல்வார்கள். செடி மாறவில்லை. ஒட்டு முடிச்சுக்குக் கீழேயிருந்து, வேர்ச்செடியின் கிளை எழும்பி மேலே உள்ளதைப் பட்டினி போட்டுவிட்டது. அந்த முடிச்சு மண்ணுக்கு மேலே தெரியும்படி நடுங்கள். கீழிருந்து வரும் கிளையைக் கத்தரிக்காமல், புறப்படும் இடத்திலேயே பிய்த்தெடுங்கள்.

பட்டன் ரோஜாவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கொத்துக் கொத்தாகப் பூக்கும், பத்து அங்குலத் தொட்டி போதும், சீக்கிரம் சாகாது. மணம் இல்லையென்றே சொல்லலாம். பால்கனியில் நிறத்துக்காக ஒன்று வைக்கலாம். ஓசூர்ப் பசுமைக்குடில்களில் பூச்செண்டுக்காக வளர்க்கும் தாஜ்மஹால் போன்ற ரகங்களை வீட்டுக்கு வாங்காதீர்கள். அவை குடிலுக்குள் வளரவும் ஜாடியில் நாள்கணக்கில் நிற்கவும் தேர்ந்தெடுக்கப்பட்டவை.

வெயிலுக்கென்றே ரோஜா உருவாக்க முடியாதா? அந்த வேலையைக் கொடைக்கானலில் செய்தவர் முன்னாள் ஐஏஎஸ் அதிகாரி வீரராகவன். ரோசா கிளினோபில்லா, ரோசா ஜைஜான்டியா என்ற நம் நாட்டுக் காட்டு ரோஜாக்களைக் கலந்து வெப்ப நாடுகளுக்கான ரகங்களை உருவாக்கினார். உள்ளூர் நர்சரிகளில் அவை சாதாரணமாகக் கிடைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அதுவரை, ஒரே செடிக்குத்தான் இடம் என்றால் பன்னீர் ரோஜா. இரண்டுக்கு இடமிருந்தால் கூட ஒரு டபுள் டிலைட். எதுவானாலும் காலையில் நர்சரிக்குப் போய், விரிந்த பூவை முகர்ந்து பார்த்து, இலையைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். வேரைச் சுற்றிக் களிமண் உருண்டை இறுகியிருந்தால் அப்படியே நடாமல், சற்று நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, வேர் அறாமல் வெளி மண்ணை மட்டும் கரைத்துவிட்டு நடுங்கள்.