லைவ் ராக், பாட்டில் பாக்டீரியா, வெறும் அமோனியா: புதிய ரீஃப் தொட்டியை எதை வைத்துத் தொடங்குவது?

பவளமும் கடல்மீனும் வளர்க்கும் ரீஃப் தொட்டியில் உப்பு நீர் நிரப்பி, கல் அடுக்கி, ஹீட்டரும் பம்பும் ஓட ஆரம்பித்த மறுநாள் தொட்டித் தண்ணீர் பளிங்கு போல இருக்கும். அந்தத் தெளிவை நம்பி மீனை விட்டுவிடாதீர்கள். மீன் வெளியேற்றும் அமோனியாவை எடுத்துக்கொள்ள அந்தத் தண்ணீரில் இன்னும் யாருமே இல்லை. அந்த வேலையைச் செய்கிற பாக்டீரியா குடியேறி, போதிய அளவு பெருகும் காலத்தைத்தான் சைக்கிளிங் என்கிறோம். எங்கிருந்து அவற்றைக் கொண்டுவருவது என்பதில்தான் ஆளுக்கொரு வழி.

வழிகளை ஒப்பிடும் முன் ஒரே ஒரு விஷயம் புரிந்தாக வேண்டும். அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற இந்தக் கூட்டம் மிக மெதுவாகப் பெருகும். அழுகியதை மக்கவைக்கும் சாதாரண பாக்டீரியா ஒரு மணி நேரத்துக்குள்ளேயே இரட்டிப்பாகிவிடும். இவை இரட்டிப்பாக, சூழல் நன்றாக இருந்தாலும், அரை நாள் முதல் ஒரு நாளுக்கு மேல்கூட ஆகும். சைக்கிளிங் வாரக்கணக்கில் இழுப்பதற்குக் காரணம் இதுதான். கடல்நீரில் வேலை செய்வது பாக்டீரியா மட்டுமில்லை, ஆர்க்கியா என்ற வேறொரு நுண்ணுயிர் இனமும் உண்டு. அமோனியாவை உண்டு வாழும் நைட்ரோசோபுமிலஸ் மாரிடிமஸ் என்ற கடல் ஆர்க்கியாவை 2005-இல் முதன்முதலில் பிரித்தெடுத்தது சியாட்டில் அக்வேரியத்தின் ஒரு தொட்டியில் கிடந்த சரளையிலிருந்துதான். மீன் தொட்டிக்காரர்கள் பெருமைப்படக்கூடிய செய்தி.

சரி, வழிகளுக்கு வருவோம்.

மீனையே விட்டு சைக்கிள் செய்வதை ஒரே வரியில் ஒதுக்கிவிடலாம்: வேண்டாம். டாம்சல் மீன் தாங்கும் என்று பழைய வழக்கமாகச் சொல்வார்கள். ஆனால் கடல்நீரின் பி.எச். 8.2-க்குப் பக்கத்தில் இருக்கிறது. பி.எச். ஒன்று கூடினால் அமோனியாவின் நச்சு வடிவம் ஏறக்குறைய பத்து மடங்காகும். நன்னீரில் மீன் சமாளிக்கிற அதே அளவு, இங்கே அதன் செவுளைச் சுட்டுவிடும். தாங்கினாலும் அது வேதனையில் தாங்குகிறது. அப்புறம், பிழைத்த டாம்சல் தன் எல்லையை விட்டுக்கொடுக்காது, பின்னால் வரும் ஒவ்வொரு மீனையும் விரட்டும். அதைப் பிடிக்க அடுக்கிய கல் முழுவதையும் கலைக்க வேண்டியிருக்கும்.

இறால் துண்டு போடும் முறையில் நானும் ஒருமுறை தொடங்கியிருக்கிறேன். சமைக்காத ஓர் இறாலை வலைப்பையில் கட்டித் தொங்கவிட்டேன். நான்காம் நாள் அதைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு போல ஒரு படலம் படர்ந்தது, தண்ணீர் பால் கலந்தது போலானது, மூடியைத் திறந்தால் நாற்றம். டெஸ்ட் கிட்டில் அமோனியா அட்டையின் கடைசி நிறத்தையும் தாண்டிவிட்டது. இறாலின் புரதத்தை முதலில் மக்கவைக்கும் கூட்டம் உடைத்தால்தான் அமோனியா வரும், எவ்வளவு வரும் என்று யாராலும் கணக்கிட முடியாது. கூடவே பாஸ்பேட்டும் சேர்ந்துவிடும். முறை வேலை செய்யும், ஆனால் கடிவாளம் நம் கையில் இருக்காது.

அம்மோனியம் குளோரைடு கரைசலை அளந்து ஊற்றுவது இதைவிடப் பல படி மேல். 2 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு தண்ணீரில் இரண்டு பங்கு) வரும்படி ஊற்றி, அது இறங்கியதும் மறுபடி ஊற்றினால் போதும். 5 பிபிஎம்-ஐத் தாண்டவிடாதீர்கள், அதற்கு மேல் போனால் நாம் வளர்க்க நினைக்கும் கூட்டமே முடங்கிப்போகும். பாட்டில் எதுவும் சேர்க்காமல், ட்ரை ராக்கும் (உயிர் எதுவும் இல்லாத காய்ந்த கல்) அமோனியாவும் மட்டும் வைத்தாலும் பாக்டீரியா வந்து சேரும். காற்றில், தூசியில், நம் கையில் என்று எங்கும் அவை கொஞ்சமாக இருக்கின்றன. ஆனால் ஒருசில செல்களில் தொடங்கிப் பெருக வேண்டியிருப்பதால் ஒன்று, இரண்டு மாதம் பிடிக்கலாம். அவசரமில்லாதவர்களுக்கு இதில் எந்தக் குறையும் இல்லை.

பாட்டிலா, கல்லா?

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான்.

பாட்டில் பாக்டீரியாவை ஏமாற்று வேலை என்று ஒதுக்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்ற பாக்டீரியாதான் என்று பாடப்புத்தகங்கள் சொல்லிவந்த காலத்தில், டிமோத்தி ஹோவனெக்கும் அவரது சகாக்களும் 1998-இல் நன்னீர்த் தொட்டிகளை ஆராய்ந்தார்கள். அந்த வேலையைச் செய்தது நைட்ரோஸ்பைரா வகை என்று கண்டார்கள். தொட்டியில் வாழாத இனத்தை பாட்டிலில் அடைத்தால் பலன் எப்படி வரும்? இன்றைய நல்ல தயாரிப்புகள் அந்தத் தவறைத் திருத்திக்கொண்டவை. ஹோவனெக் பின்னாளில் தொடங்கிய டாக்டர் டிம்ஸ் நிறுவனத்தின் 'ஒன் அண்ட் ஒன்லி'யின் கடல்நீர் வகையும், ஃபிரிட்ஸ் நிறுவனத்தின் 'டர்போஸ்டார்ட் 900'-உம் கடல்நீருக்கென்றே வருபவை. நன்னீர் பாட்டிலை உப்பு நீரில் ஊற்றினால் அந்த உப்பு அதிர்ச்சியில் பெரும்பகுதி வீணாகும்.

வாங்கும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அமோனியாவையும் நைட்ரைட்டையும் மாற்றும் இந்த நைட்ரிஃபையிங் பாக்டீரியா ஸ்போர் விட்டு உறங்கும் வகை இல்லை. உயிரோடுதான் பாட்டிலில் இருக்கும், சூடு பட்டாலும் உறைந்தாலும் செத்துப்போகும். வெளியில் எத்தனை மாதம் கிடந்தாலும் கெடாது என்று லேபிளில் இருந்தால், உள்ளே இருப்பது பெரும்பாலும் பாசிலஸ் வகை ஸ்போர்கள். அவை அடியில் சேரும் கழிவைத் தின்னும், அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றாது. காலாவதித் தேதி பார்த்து, லேபிள் சொல்கிற குளிரில் வைத்து, நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள். முதல் சில நாட்கள் நுரையால் கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மரையும் யு.வி. விளக்கையும் அணைத்து வையுங்கள். நல்ல பாட்டிலும் அமோனியாவும் சேர்ந்தால் 1 முதல் 2 வாரத்தில் சைக்கிள் முடிவது சாதாரணம்.

லைவ் ராக், அதாவது கடல் உயிர்கள் குடியிருக்கும் கல், வேறு வகையான சரக்கு. அதில் நைட்ரிஃபையிங் கூட்டம் ஏற்கெனவே குடியிருக்கிறது. கல்லின் உள்ளே ஆக்ஸிஜன் எட்டாத துளைகளில் நைட்ரேட்டை வாயுவாக்கி வெளியேற்றும் பாக்டீரியாவும் உண்டு. மேலே ஊதா நிறக் கோரலைன் பாசி, இடுக்கில் பஞ்சுயிரிகள், புழுக்கள், கோபிபாட்கள் என்ற பொடி ஓட்டுயிரிகள். எந்த பாட்டிலிலும் இந்த ஊரையே அடைக்க முடியாது.

அதன் தொல்லைகளும் உண்மையானவை. தண்ணீர் இல்லாமல் ஈரத்தாளில் சுற்றி வந்த கல்லில் பாதி உயிர் வழியிலேயே செத்திருக்கும். அதைத் தனித் தொட்டியில் வைத்து, நாற்றம் போகும்வரை சில வாரம் தண்ணீர் மாற்றிப் பதப்படுத்த வேண்டும். அப்புறம் அழையா விருந்தாளிகள். என் கல் ஒன்றின் அடியில் கடுகளவு பழுப்புப் புள்ளியாக இருந்தது, ஒரு மாதத்தில் கைவிரித்து நின்றபோதுதான் ஐப்டேசியா என்ற தொல்லைதரும் கடல் அனிமோன் என்று தெரிந்தது. பிய்த்தெடுத்தேன். விட்டுப்போன துணுக்குகளிலிருந்து மூன்று முளைத்தன. மான்டிஸ் இறால் வந்துவிட்டால் இரவில் 'டிக்' என்று கண்ணாடியில் தட்டும் சத்தம் கேட்கும், மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும்.

இவ்வளவுக்குப் பிறகும் நான் லைவ் ராக் பக்கம் சாய்வதற்குக் காரணம், சைக்கிள் முடிந்த பிறகு நடப்பவை. ட்ரை ராக்கும் பாட்டிலும் வைத்து 12 நாளில் முடித்த ஒரு தொட்டி எனக்கு இருந்தது. அமோனியா பூஜ்யம், எல்லாம் ஒழுங்கு. ஐந்தாவது வாரம் மணல்மேல் பழுப்பு நூல்கள், ஒவ்வொரு நூல் நுனியிலும் ஒரு காற்றுக்குமிழி. டைனோ, அதாவது டைனோஃபிளாஜெலேட் என்ற நுண்ணுயிர். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்துக்குப் போயிருந்தன, வெறுமையான கல்லில் டைனோவோடு இடத்துக்குப் போட்டிபோட எதுவும் இல்லை. பாட்டில் நமக்குத் தருவது அமோனியாவைக் கையாளும் திறன். அது இருப்பதால் தொட்டி முதிர்ந்துவிட்டது என்று ஆகாது. இரண்டையும் ஒன்றாக நினைத்ததுதான் நான் செய்த பிழை.

அதனால் இப்போது இரண்டையும் கலந்தே தொடங்குகிறேன். அடித்தளம் முழுக்க ட்ரை ராக். அதில் பூச்சித் தொல்லை இல்லை, கடலிலிருந்து கல்லைப் பெயர்த்தெடுக்கவும் வேண்டாம். 2 பிபிஎம் அமோனியா, ஒரு நல்ல பாட்டில், விளக்கு அணைத்தே இருக்கும். சைக்கிள் முடிந்ததும், நீண்ட நாள் நன்றாக ஓடும் ஒரு தொட்டியிலிருந்து கைமுட்டி அளவு லைவ் ராக், நீரிலிருந்து எடுக்காமலேயே, வாளியோடு. நான்கு பக்கமும் டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் உள்ளே போகும். பழைய தொட்டியின் தண்ணீரைக் கேட்டு வாங்குவதில் பயனில்லை, பாக்டீரியா ஒட்டி வாழ்வது கல்லிலும் மணலிலும் ஸ்பாஞ்சிலும்தான்.

முடிந்ததா என்று பார்க்க எனக்கு ஒரே சோதனை: மாலையில் 2 பிபிஎம் அமோனியா ஊற்றி, மறுநாள் அதே நேரம் அது பூஜ்யத்துக்கு இறங்கியதா என்று அளப்பது. டெஸ்ட் கிட்டின் சோதனைக் குழாயை வெள்ளைத் தாளின் முன் பகல் வெளிச்சத்தில் பிடியுங்கள். டியூப் லைட்டின் கீழ் மஞ்சளுக்கும் இளம்பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது. நைட்ரைட் கொஞ்சம் மிச்சமிருந்தால் நன்னீர்க்காரர்கள் அளவுக்குப் பதற வேண்டாம். கடல்நீரில் இருக்கும் ஏராளமான குளோரைடு, நைட்ரைட் செவுளுக்குள் நுழைவதைத் தடுக்கிறது. ஆனால் நைட்ரைட் இருக்கும்வரை நைட்ரேட் கிட் பொய்யாக அதிகம் காட்டும். அந்த எண்ணைப் பார்த்துப் பாதித் தண்ணீரை மாற்றிவிடாதீர்கள்.

மீன் இரண்டு விட்டு, தீனியைக் குறைத்துப் போட்டு, பிறகு காத்திருக்கிறேன். இரவில் விளக்கணைந்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்தால், கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள் துள்ளித் துள்ளி நகரும். அந்த ஒரு கல்லிலிருந்து இறங்கிப் பரவிய கோபிபாட்கள். அவை தெரிந்த வாரம்தான் என் தொட்டிக்கு முதல் பவளம் வருகிறது.