பி0171 கோடு வந்ததும் சென்சார் மாற்றச் சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள்

பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் ஒருமுறை படித்துவிடுங்கள். இரண்டு மாதத்துக்குள் ஒரே கோளாறுக்கு மூன்று முறை பில் கட்டி, கடைசியில் விரல் நீளமே உள்ள ஒரு ரப்பர் ஹோஸில் வந்து முடிந்த கதை இது. ஒர்க்‌ஷாப்பின் பெயரைச் சொல்லப்போவதில்லை, இதே வேலையைச் செய்கிற இடங்கள் ஒன்றிரண்டு இல்லை.

ஆரம்பத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. வண்டி நிற்கும்போது ஐடிலிங் லேசாக நடுங்கும், ஆர்பிஎம் முள் ஏறி இறங்கும், ஓட ஆரம்பித்துவிட்டால் எதுவும் தெரியாது. சில நாளில் செக் இன்ஜின் லைட் வந்தது. ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார்கள், பி0171 என்று ஒரு கோளாறுக் கோடு. "ஆக்ஸிஜன் சென்சார் போயிடுச்சு சார், கோடே அதைத்தான் சொல்லுது" என்றார் அங்கிருந்த சீனியர். சரி, மாற்றிவிடுங்கள் என்றேன்.

கோடு அப்படிச் சொல்லவே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. பி0171 என்றால் முதல் பேங்கில், அதாவது முதல் சிலிண்டர் வரிசையில், காற்று-பெட்ரோல் கலவை லீனாக இருக்கிறது, அவ்வளவுதான். காற்று கூடுதலாகப் போகிறது, அல்லது பெட்ரோல் குறைவாக வருகிறது. எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று இருக்க வேண்டும். எரிந்தது போக எவ்வளவு ஆக்ஸிஜன் மிச்சம் வருகிறது என்று அந்தச் சென்சார் எக்ஸாஸ்டில் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல, இன்ஜினின் கம்ப்யூட்டரான இசியூ பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்துகொண்டே இருக்கும். கூட்டிக்கொண்டே போய், இதற்கு மேல் முடியாது என்ற நிலை வந்தால்தான் இந்தக் கோடு விழும். பெரும்பாலும் சென்சார் ஒழுங்காக வேலை செய்ததால்தான் விஷயமே வெளியே தெரிகிறது. திருடனைப் பார்த்துக் குரைத்த நாயை விரட்டிவிட்டு வேறு நாய் வாங்கின கதைதான் என்னுடையது. சென்சாரும் கெடும், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் முதலில் கைவைக்க வேண்டியது அது இல்லை.

ஆறாவது நாள் லைட் திரும்ப வந்தது. இந்தமுறை இன்ஜெக்டர் க்ளீனிங். ஒரு வாரம் ஓடியது, மறுபடி லைட். "அப்போ பம்ப்தான் சார் வீக்" என்றார்கள். பம்ப் வீக் என்றால் கேஜ் மாட்டி ஃப்யூல் பிரஷர் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. மாற்றிக் கொடுத்துவிட்டு, "நாப்பது கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துட்டோம் சார், கோடு வரலை" என்று வேறு சொன்னார்கள்.

ஒவ்வொரு முறையும் நான் ஏமாந்தது இங்கேதான். கோடை அழித்தால் லைட் அணைவது மட்டுமில்லை. கோளாறு வந்த நேரத்தில் இன்ஜின் சூடு என்ன, வேகம் என்ன, லோடு என்ன என்று வண்டி பிடித்துவைத்திருந்த ஃப்ரீஸ் ஃப்ரேம் விவரமும் சேர்ந்து போய்விடும். பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுவது, குறைப்பது என்று இசியூ கற்றுவைத்திருந்த கணக்கான ஃப்யூல் ட்ரிம்மும் பல வண்டிகளில் பூஜ்ஜியத்துக்குப் போய்விடும். அது மறுபடி கற்று, எல்லையைத் தொட்டு, லைட் எரியச் சில நாள் பிடிக்கும். அந்தச் சில நாள் நமக்கு "ரெடி ஆயிடுச்சு" மாதிரியே இருக்கும்.

மூன்றாவது பில்லைக் கட்டிய அன்றே ஒரு சின்ன ப்ளூடூத் ஸ்கேனர் வாங்கி, வீட்டுக்கு வந்ததும் மாட்டினேன். பல வண்டிகளில் கோடு அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதையும் ஸ்கேனரில் பார்க்கலாம். என் வண்டியில் காட்டியது 9. ஒர்க்‌ஷாப்பிலிருந்து என் வீடு ஒன்பது கிலோமீட்டர். அந்த நாற்பது கிலோமீட்டரை யார் எந்த வண்டியில் ஓட்டினார்களோ!

நாலு நாள் கழித்து ஃப்யூல் ட்ரிம் பார்த்தேன். ஐடிலிங்கில் லாங் டெர்ம் (கற்றுவைத்தது) +19, ஷார்ட் டெர்ம் (அந்த நொடியில் செய்வது) +8, கூட்டினால் 27 சதவீதம். பூஜ்ஜியத்தை ஒட்டி, ஐந்துக்குள் இருந்தால் கவலையில்லை. அப்படியே 2,500 ஆர்பிஎம்மில் பிடித்து நிறுத்தினால் இரண்டும் சேர்ந்தே +4க்கு இறங்கிவிட்டது. இந்த ஒரு வித்தியாசத்திலேயே பாதி பதில் இருக்கிறது. இன்ஜினுக்குப் போகும் காற்றை அளக்கிற ஏர் ஃப்ளோ சென்சாரின் கணக்கில் வராத காற்று எங்கேயோ ஓட்டை வழியாக உள்ளே போகிறது. ஐடிலிங்கில் இன்ஜின் இழுக்கிற மொத்தக் காற்றே கொஞ்சம்தான், அதில் இந்தத் திருட்டுக் காற்று பெரிய பங்கு. ரேஸ் கொடுத்தால் மொத்தம் கூடி, அது கடலில் கரைத்த பெருங்காயம். பம்ப்போ ஃபில்டரோ காரணமாக இருந்திருந்தால் தலைகீழாக, லோடு ஏற ஏற ட்ரிம் ஏறியிருக்கும். ஏர் ஃப்ளோ சென்சாரில் அழுக்கு இருந்தாலும் பெரும்பாலும் அப்படித்தான். அவர்கள் ஸ்கேனரிலும் இந்த எண்கள் இருந்தன, பார்க்கத்தான் ஆளில்லை. (ஏர் ஃப்ளோ சென்சார் இல்லாமல் இன்டேக்கின் அழுத்தத்தை அளக்கிற மேப் சென்சாரை வைத்து ஓடும் வண்டிகளில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, லீக் இருந்தால் ஐடிலிங் ஏறிப்போவதுதான் அங்கே அதிகம்.)

தெரிந்த வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். புகை விட்டு லீக் கண்டுபிடிக்கிற ஸ்மோக் மெஷின்கூட அவரிடம் இல்லை. ஒரு முழம் ரப்பர் டியூபை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறு முனையை சிலிண்டர்களுக்குக் காற்று போகிற இன்டேக் மேனிஃபோல்டைச் சுற்றிக் கொண்டுபோனார். பின்பக்கம் ஓரிடத்தில் நின்று டியூபை என் காதில் வைத்தார், உஸ்ஸ் என்று கேட்டது. இன்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பி விடுகிற பிசிவி ஹோஸின் வளைவு. வெளியே எடுத்துக் கையில் கொடுத்தார். எண்ணெயில் ஊறிப்போய், ஊறவைத்த புளி மாதிரி கொழகொழவென்று இருந்தது. அமுக்கினால் அடிப்பக்கம் வாய் பிளக்கிறது, விட்டால் மூடிக்கொள்கிறது, மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மாற்ற இருபது நிமிடம். அந்த ஹோஸின் விலையைச் சொன்னால் எனக்கே வெட்கமாக இருக்கும்.

வண்டியை லிஃப்டில் ஏற்றியபோது அவர் இன்னொன்றும் காட்டினார். "புதுசு போட்டாங்கன்னு சொன்னீங்களே, இதுவா?" ஆக்ஸிஜன் சென்சாரின் அறுகோணத் தலை முழுக்க ஒரே துரு, ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. அதைக் கழற்றவே இல்லை. பில் மட்டும் போட்டிருக்கிறார்கள். போட்டோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். "பையன் தப்புப் பண்ணிட்டான் சார்" என்று சென்சார் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். க்ளீனிங் பணமும் பம்ப் பணமும் வரவில்லை, பம்பை நிஜமாகவே மாற்றியிருந்தார்கள் என்பதால் அதில் வாதாடவும் முடியவில்லை.

பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள், நான் பம்பை மட்டும்தான் கேட்டேன். கோடை அழிப்பதற்கு முன் ஐடிலிங்கிலும் 2,500லும் ட்ரிம் எவ்வளவு என்று உங்கள் முன்னால் காட்டச் சொல்லுங்கள், இழுத்தடித்தால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். லைட் விட்டுவிட்டு மின்னினால் அது வேறு, மிஸ்ஃபயர், சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை, அப்படியே ஓட்டினால் எக்ஸாஸ்ட் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போய்விடும், ஓரமாக நிறுத்துங்கள். ஹோஸ் மாற்றி மூன்று வாரம் ஆகிறது, ட்ரிம் +2. பழைய பம்ப் டிக்கியில்தான் கிடக்கிறது, ஒவ்வொரு வளைவிலும் உருண்டு சத்தம் போடுகிறது.