பவர் ஆக்சா பிளேடா, சா மில் ரம்பமா: வீட்டுக் கத்திக்கு எது?

கத்திக்குத் தோதான பழைய ரம்பம் காயலான் கடையில் இரண்டு வகையாகக் கிடைக்கும். இரும்பு அறுத்துத் தேய்ந்த பவர் ஆக்சா பிளேடு ஒன்று, மர மில்லில் கழித்துப் போட்ட அகலமான பட்டை ரம்பம் இன்னொன்று. இரண்டிலும் கத்தி செய்து புழங்கிய பிறகு, சமையலறைக்கு நான் வைத்துக்கொண்டது மில் ரம்பத்தைத்தான்.

ஆக்சா பிளேடில் வேலை குறைவு. முழுக்க ஹைஸ்பீடு ஸ்டீல் (சூட்டிலும் கடினம் குறையாத வெட்டுக்கருவி எஃகு) என்றால், எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 60-க்கு மேல் கடினமேறியே வரும். உலை, எண்ணெய் எதுவும் வேண்டாம். கிரைண்டரில் தேய்த்துப் பிடி போட்டால் போதும். தேய்க்கும்போது நீலம் பாய்ந்தாலும் பதம் போகாது. பைமெட்டல் பிளேடை மட்டும் வாங்காதீர்கள், அதில் பல் ஓரம்தான் ஹைஸ்பீடு.

மில் ரம்பம் அப்படியே தேய்த்தால் கூர் நிற்காது, அரமே அதைக் கடிக்கும். காந்தம் ஒட்டாத சூட்டுக்குச் சற்று மேலே, சுமார் 800 டிகிரிக்குக் காய்ச்சி, வெதுவெதுப்பான எண்ணெயில் தோய்க்க வேண்டும். தகடு மெல்லியது, சாய்த்து இறக்கினால் கோணிக்கொள்ளும். அப்புறம் கண்ணாடி மாதிரி நொறுங்காமல் இருக்க, 200 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்துப் பதம் இறக்க வேண்டும். உலை இல்லாதவர்கள் கொல்லுப்பட்டறையில் கேட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவு பாடுபட்டும் அதையே நான் சொல்வதற்குக் காரணம் தீட்டுவதுதான். வீட்டுக் கத்தி யார் கையிலும் போகும். மழுங்கும்போது தீட்டுவது அவர்கள்தான், செய்தவர் அல்ல. ஹைஸ்பீடு ஸ்டீலில் வனேடியம் கார்பைடு துகள்கள் இருக்கின்றன. சாதாரணச் சாணைக்கல்லில் உள்ள அலுமினியம் ஆக்சைடை விட அவை கடினம். அதனால் கல் வழுக்குகிறது, வைரத் தகடு இல்லாமல் கூர் ஏற்ற நேரம் பிடிக்கும். மீன் முள்ளிலோ தேங்காய் ஓட்டிலோ பட்டால் விளிம்பு தெறிக்கும். அந்தப் பொக்கையை எடுக்க மறுபடி கிரைண்டருக்குத்தான் போக வேண்டும். மில் ரம்பக் கத்தி சீக்கிரம் மழுங்கும், உண்மைதான். ஆனால் கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் தக்காளித் தோலில் வழுக்காமல் இறங்கும். என் அம்மா அம்மிக்கல் ஓரத்திலேயே தீட்டிக்கொள்கிறார்.

துருவில் பெரிய வித்தியாசம் இல்லை, எலுமிச்சை அறுத்தால் இரண்டும் கறுக்கும். உடனே கழுவித் துடைக்க வேண்டும். தோல் வேலைக்கும் மரத்தில் கோடு கீறவும் கத்தி தேவைப்பட்டால் ஆக்சா பிளேடே மேல்.

கார்பைடு பல் வைத்த வட்ட ரம்பத்தில் எனக்குப் பழக்கம் குறைவு. அதன் உடல் இரும்பு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி இருப்பதால், முதலில் சிறு துண்டைக் காய்ச்சித் தோய்த்து உடைத்துப் பாருங்கள். வளைந்து கொடுத்தால் அது கத்திக்கு ஆகாது. உடைந்த முகம் சர்க்கரை போல மின்னினால் சூடு அதிகம். மங்கிய சாம்பல் நிறத்தில் நுண்ணியதாக இருந்தால் வேலையைத் தொடங்கலாம்.