முதலில் உயரத்தைப் பாருங்கள்: அரிசோனா பாலைவனத்தில் பத்து வருடம் கேம்பிங் இடம் தேடிய அனுபவம்

அரிசோனாவில் பீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில் நாங்கள் குடியேறிப் பத்து வருடம் ஆகிறது. முதல் ஆறு வருடம் கூடாரம் மட்டும்தான். அப்புறம் காரில் இழுத்துப் போய் உள்ளேயே தங்கும் மாதிரி, 21 அடி நீளத்தில் ஒரு பழைய டிரெய்லர் வாங்கினோம். இப்போதும் வருடத்தில் நாலைந்து முறை டிரெய்லரை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கூடாரத்தோடு கிளம்புகிறோம். அரிசோனா, நியூ மெக்சிகோ, தெற்குக் கலிபோர்னியா, நெவாடா என்று இந்தப் பாலைவனப் பக்கங்களில் கேம்பிங் இடம் தேட என்னென்னவோ பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். எது பலன் தந்தது, எது தரவில்லை என்று எழுதிவைக்க நெடுநாளாக ஆசை. புதிதாக இங்கே வந்து சேரும் நம் ஊர்க் குடும்பங்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஆப் நல்லது?" என்பதுதான். என் பதில் எப்போதும் ஒன்றுதான். ஆப் அப்புறம், முதலில் இடத்தின் உயரத்தைப் பாருங்கள்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு அக்டோபர் இரவில். கிளம்பும்போது வீட்டு வாசலில் 32 டிகிரி செல்சியஸ். மகளுக்கு அப்போது இரண்டு வயது. கிராண்ட் கேன்யனின் தென்கரையில் மேத்தர் கேம்ப்கிரவுண்டில் இடம் கிடைத்த சந்தோஷத்தில், பருத்திப் போர்வைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டோம். பீனிக்ஸ் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,100 அடி, மேத்தர் சுமார் 7,000 அடி. இங்கே ஆயிரம் அடி ஏறினால் மூன்றிலிருந்து ஐந்து டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. அதோடு பாலைவனக் காற்றில் ஈரம் இல்லாததால் சூரியன் இறங்கியதும் சூடு சட்டென்று போய்விடும். விடியும்போது பாட்டில் தண்ணீரின் மேல் பனித்தகடு. குழந்தையை இருவருக்கும் நடுவில் வைத்து, இருந்த துணி அத்தனையையும் போர்த்தி, காரில் உட்கார்ந்து விடியலுக்குக் காத்திருந்தோம். பக்கத்துக் கூடாரக்காரர்கள் காலையில் கொடுத்த சூடான கோகோவை மகள் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

டூசான் நகரத்திலிருந்து மவுன்ட் லெம்மனுக்கு ஏறும் கேட்டலினா ஹைவேயில் ஒரு முறை போய்வந்தால் இந்த உயரக் கணக்கு முழுதாகப் புரிந்துவிடும். நகரம் சுமார் 2,400 அடி, சகுவாரோ கள்ளிகள் நிற்கும் நிலம். 4,000 அடி தாண்டியதும் ஓக் மரங்களுக்கு நடுவே மொலினோ பேசின் கேம்ப்கிரவுண்ட். இன்னும் மேலே 7,000 அடியில் பைன் காட்டுக்குள் ரோஸ் கேன்யன். மொலினோ குளிர்காலத்தில் திறந்திருக்கும், கோடையில் மூடிவிடுவார்கள். ரோஸ் கேன்யனில் இது அப்படியே தலைகீழ். ஒரே சாலை, ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும் தூரம், ஆனால் இரண்டும் வேறு வேறு பருவத்துக்கான இடங்கள். ஆப்பில் இரண்டு புள்ளிகளும் பக்கத்தில் பக்கத்தில்தான் தெரியும்.

மொலினோவுக்குச் சற்று மேலே கார்டன் ஹிராபயாஷி கேம்ப்கிரவுண்ட் இருக்கிறது. அங்கே ஒரு இரவாவது தங்குங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை அடைத்துவைத்த உத்தரவை எதிர்த்து வழக்காடியவர் ஹிராபயாஷி. தண்டனையை அனுபவிக்க அவரை அனுப்பிய சிறை முகாம் இருந்த இடம்தான் இது. இந்த மலைச்சாலையே கைதிகள் உழைப்பில் போட்டது. அங்கிருக்கும் தகவல் பலகையை மகள் எழுத்துக்கூட்டி வாசித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

சரி, இப்போது தேடும் கருவிகளுக்கு வருகிறேன். தேசியப் பூங்காக்கள், தேசிய வனங்களின் கேம்ப்கிரவுண்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு ரெக்ரியேஷன் டாட் கவ் என்ற அரசு இணையதளம்தான் வழி. பல இடங்களுக்கு ஆறு மாதம் முன்னால் கிழக்குக் கடற்கரை நேரப்படி காலை 10 மணிக்கு முன்பதிவு திறக்கும். இதில் அரிசோனாக்காரர்கள் தடுமாறும் ஒரு விஷயம் உண்டு. நவாஹோ பழங்குடியினரின் நிலப்பகுதியைத் தவிர நம் மாநிலத்தில் கடிகாரத்தைக் கோடைக்கு மாற்றுவதில்லை. அதனால் அந்தப் பத்து மணி நமக்குக் குளிர்காலத்தில் எட்டு மணி, மார்ச்சிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை ஏழு மணி. இது தெரியாமல் இரண்டு முறை ஒரு மணி நேரம் தாமதமாகப் போய், வார இறுதிக்கான இடங்கள் அத்தனையும் போய்விட்டதைப் பார்த்திருக்கிறேன். கிடைக்காவிட்டாலும் விட்டுவிட வேண்டாம். இங்கே நிறையப் பேர் பதிவு செய்துவிட்டு ரத்து செய்வார்கள். கிளம்ப மூன்று நான்கு நாள் இருக்கும்போது தினமும் இரண்டு வேளை பார்த்தே பாதிக்கு மேற்பட்ட பயணங்களுக்கு எனக்கு இடம் கிடைத்திருக்கிறது.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அளவுகளைக் கவனமாகப் படியுங்கள். கலிபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவில் ஹிடன் வேலி, ஒயிட் டேங்க் கேம்ப்கிரவுண்டுகள் இரண்டிலும் இழுக்கும் வண்டியும் டிரெய்லரும் சேர்த்தே 25 அடிக்கு மேல் போகக் கூடாது. எங்கள் டிரெய்லரே 21 அடி என்பதால் அங்கே நாங்கள் கூடாரத்தோடுதான் போவோம். அந்தப் பூங்காவில் மின் இணைப்பு எங்கும் கிடையாது, குளியலறையும் கிடையாது. குழாய்த் தண்ணீர் பிளாக் ராக், காட்டன்வுட் கேம்ப்கிரவுண்டுகளில் கிடைக்கும், ஜம்போ ராக்ஸில் கிடைக்காது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது சுமார் நாலு லிட்டர் என்பதுதான் இங்கே எல்லோரும் சொல்லும் குறைந்தபட்சக் கணக்கு. நாங்கள் சோறு வடித்து, பாத்திரம் கழுவிச் சாப்பிடுகிறவர்கள். எங்களுக்கு இரண்டு கேலன் தேவைப்படுகிறது.

கூடாரத்தோடு போகிறவர்களுக்கு நான் மனதாரச் சொல்வது மாவட்டப் பூங்காக்களையும் மாநிலப் பூங்காக்களையும்தான். டூசானுக்கு மேற்கே பீமா கவுன்டி நடத்தும் கில்பர்ட் ரே, பீனிக்ஸைச் சுற்றி மாரிகோபா கவுன்டியின் யூசரி மலை, மெக்டவல் மலைப் பூங்காக்கள், சூப்பர்ஸ்டிஷன் மலையடிவாரத்தில் லாஸ்ட் டச்மேன். சகுவாரோ தேசியப் பூங்காவுக்குள் காரில் போய்த் தங்கும் இடம் எதுவும் இல்லை. ஆனால் கில்பர்ட் ரேயில் தங்கினால் பூங்காவின் மேற்குப் பகுதி பக்கத்திலேயே. நியூ மெக்சிகோவின் சிட்டி ஆஃப் ராக்ஸில், எரிமலைச் சாம்பல் இறுகி 40 அடி உயரம் வரை நிற்கும் பாறைகளுக்கு இடையிலேயே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். வசந்த காலத்து நியூ மெக்சிகோக் காற்று கூடாரத்தைப் பிய்த்துக்கொண்டு போகும் அளவுக்கு அடிக்கும். பாறையின் மறைவில் போட்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

காற்று என்றதும் முளைக்குச்சி ஞாபகம் வருகிறது. கூடாரத்தோடு வரும் மெல்லிய அலுமினியக் குச்சிகள் இந்த மண்ணில் இறங்காது. மேல்மண்ணுக்குக் கீழே கலீச்சி என்று சுண்ணாம்பு இறுகிய அடுக்கு இருக்கும். அதில் பட்டதும் குச்சி வளைந்துவிடும். பத்து அங்குல இரும்பு ஆணிகளும் ஒரு கனத்த சுத்தியலும் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கயிற்றைப் பெரிய கல்லில் சுற்றிக் கட்டுங்கள்.

உள்ளேயே தங்கும் வசதி கொண்ட ஆர்.வி. வண்டிகளுக்கான தனியார் பார்க்குகளை வைத்துத் திட்டம் போடுவதைக் கூடாரக்காரர்கள் தவிர்ப்பது நல்லது. பலவற்றில் கூடாரத்துக்கே அனுமதி இல்லை. தந்தாலும் கருங்கல் ஜல்லி மேல்தான் படுக்க வேண்டும். மேசா, அப்பாச்சி ஜங்ஷன், யூமா பக்கங்களில் நிறைய பார்க்குகள் 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். ஒரு முறை மழை இரவில் முன்பதிவு எண்ணோடு ஒரு பார்க்கின் வாசலில் நின்றோம். காரில் தூங்கிய மகளைப் பார்த்ததும், குழந்தைகளுக்கு இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த நிபந்தனை பதிவு செய்த பக்கத்தில் எங்கேயும் இல்லை. மனது மிகவும் வலித்தது. அன்றிலிருந்து போனில் கூப்பிட்டுக் கேட்காமல் தனியார் இடத்துக்குப் போவதில்லை. வண்டி பத்து வருடத்துக்கு மேல் பழையதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பழைய ஆர்.வி.க்களைச் சில இடங்களில் ஏற்பதில்லை.

இனி இலவச நிலங்கள். அவற்றில்தான் இந்தப் பாலைவனத்தின் உண்மையான செல்வம் இருக்கிறது. பி.எல்.எம். என்ற கூட்டரசு நில நிர்வாகத்தின் நிலத்தில் பெரும்பாலான இடங்களில் பணம் கட்டாமல் 28 நாளில் 14 நாள் வரை தங்கலாம். தண்ணீர், கழிவறை, குப்பைத்தொட்டி எதுவும் இருக்காது. எந்த நிலம் யாருடையது என்று தெரிவதுதான் இங்கே முக்கியம். பி.எல்.எம். வரைபடத்தில் மஞ்சள் நிறம் அவர்கள் நிலம், பச்சை தேசிய வனம், நீலம் மாநில அறக்கட்டளை நிலம், வெள்ளை தனியார் நிலம். நீல நிலத்துக்கு மாநிலத்திடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். பழங்குடி நாடுகளின் நிலத்துக்கு அந்தந்த நாட்டின் அனுமதி வேண்டும், அதை மதிக்காமல் நுழையவே கூடாது. நான் நம்பியிருந்த ஒரு ஆப் 'இலவசம்' என்று காட்டிய இடம் உண்மையில் ஒரு பண்ணைக்காரரின் பூட்டிய வேலிக்குள் இருந்தது. இருட்டில் டிரெய்லரைப் பின்னோக்கி எடுக்க என் கணவருக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. அதனால் கேம்பென்டியம், ஐஓவர்லேண்டர், டிர்ட் என்று எந்த ஆப்பில் பார்த்தாலும், நில உரிமையை வரைபடத்தில் ஒரு முறை சரிபார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். தேசிய வனங்களுக்கு, எந்தப் பாதையில் வண்டி போகலாம் என்று காட்டும் வரைபடத்தை வனத்துறையே இலவசமாகத் தருகிறது. போனில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், அங்கே சிக்னல் இருக்காது. எந்த நெட்வொர்க் எங்கே எடுக்கும் என்று பயனர்கள் எழுதுவதற்காகக் கேம்பென்டியம் எனக்குப் பிடிக்கும். வார இறுதியில் வேலை அழைப்பு வரும் என்கிறவர்களுக்கு அது பெரிய உதவி.

ஆர்.வி.க்காரர்கள் மேற்கு அரிசோனாவின் குவார்ட்சைட் என்ற ஊரைத் தவறவிட வேண்டாம். ஊரை ஒட்டி லா போசா என்ற நீண்டகாலத் தங்குமிடம் இருக்கிறது. 1983 முதல் இருக்கும் ஏற்பாடு இது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை சீட்டு வாங்கித் தங்கலாம். நாங்கள் போனபோது முழுப் பருவத்துக்கு 180 டாலர், இரண்டு வாரத்துக்கு 40 டாலர். தண்ணீர் பிடிக்கவும் கழிவுநீர்த் தொட்டியைக் காலி செய்யவும் இடம் உண்டு. கூடாரமோ, கழிவறை இல்லாத வண்டியோ என்றால் பொதுக் கழிவறையிலிருந்து 500 அடிக்குள்தான் தங்க வேண்டும். ஜனவரியில் பெருங்கூட்டம். எங்கள் தண்ணீர் பம்ப் நின்றுபோன அன்று கனடாவிலிருந்து வந்திருந்த ஒரு வயதான தம்பதி, கேட்காமலேயே கருவிப்பெட்டியோடு வந்து சரிசெய்து கொடுத்தார்கள். ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் ஒரு பிரமிடும் அதன் உச்சியில் ஒட்டகச் சிலையும் இருக்கும். 1850களில் அமெரிக்க ராணுவம் பாலைவனத்தில் ஒட்டகங்களைப் பயன்படுத்திப் பார்த்தபோது அவற்றோடு வந்த ஹாஜி அலியின் கல்லறை அது. 1902இல் இங்கேயே இறந்தார்.

கோடை மழையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. வானிலை ஆய்வு மையக் கணக்கில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை இங்கே பருவமழைக் காலம். ஒரு ஆகஸ்டில் சோனோய்ட்டா பக்கம், மணல் பரவிய சமதளமாக, மர நிழலோடு ஓர் அருமையான இடம் கிடைத்தது. கூடாரம் போட்டுச் சாம்பாரை அடுப்பில் வைத்துவிட்டேன். மாடுகளைப் பார்க்க பிக்கப்பில் வந்த ஒரு பெரியவர் வண்டியை நிறுத்தி, "அம்மா, நீங்கள் படுக்கப் போவது ஆற்றுக்குள்" என்றார். வானம் முழுக்க நட்சத்திரம். ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்ததும் தட்டிக்கழிக்கத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் மேட்டுக்கு மாற்றி முடிக்க இரவு ஒன்பதாகிவிட்டது. இரண்டு மணிவாக்கில் லாரி வருவது போல ஒரு சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால், நாங்கள் முதலில் கூடாரம் போட்ட இடத்தில் மரக்கிளைகளை உருட்டிக்கொண்டு செந்நீர் ஓடுகிறது. எங்கள் மேல் ஒரு துளி மழை இல்லை, எங்கோ தூரத்து மலையில் பெய்த மழை. 'வாஷ்' என்று இங்கே சொல்லும் வறண்ட ஓடைகளில் கூடாரம் போடாதீர்கள் என்று நான் சந்திக்கும் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். தட்டையான மணல், ஒரே பக்கம் சாய்ந்த புல், வேரில் சிக்கிய குப்பை இந்த மூன்றும் தெரிந்தால் அது ஓடை.

மே, ஜூனில் இன்னொரு கவலை, தீக்கட்டுப்பாடு. சில வருடங்களில் வனங்களையே மூடிவிடுவார்கள். கிளம்பும் அன்று காலை அந்த வனத்தின் அலுவலகத்தைக் கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள். 2023இல் பீனிக்ஸில் 31 நாள் தொடர்ந்து 110 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் அடித்தது. அந்த மாதிரி வெயிலில் தாழ்வான இடத்தில் கூடாரம் போடுவது உயிருக்கே ஆபத்து. ஜூலையில் டெத் வேலிக்குப் போகலாமா என்று கேட்கிறவர்களிடம் வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பிடித்த ஒரே இடத்தைச் சொல் என்றால் மெக்சிகோ எல்லையோர ஆர்கன் பைப் கள்ளிப் பூங்காவின் ட்வின் பீக்ஸ்தான். 208 இடங்கள். கூடாரங்களுக்குத் தனிப் பகுதி இருப்பதால் ஜெனரேட்டர் சத்தம் எட்டாது. சூரிய வெப்பத்தில் சூடாகும் தண்ணீரில் குளிக்கலாம். சாயங்காலம் மலை முழுக்கச் செம்பு நிறமாகும்போது ஏதோ ஒரு பறவை கூப்பிடும், அப்புறம் ஓநாய்களின் சின்ன உறவான கயோட்டிகள் பாட ஆரம்பிக்கும். நவம்பர் கடைசி வாரத்தில் அங்கே போவது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. இந்த வருடத்துக்கான பதிவு மே மாதக் கடைசியில் திறக்கும். காலை ஏழு மணிக்கு அலாரம் வைத்திருக்கிறாள் மகள்.