கெந்திங்கா, மக்காவா, இல்ல 150 வெள்ளி கட்டிட்டு இங்கயே இருந்துடலாமா?

போன வாரம் சிங்கப்பூர் தேக்கால தோசைக்குக் காத்துக்கிட்டு இருக்கும்போது தங்கச்சி வீட்டுக்காரரு மெதுவா ஆரம்பிச்சாரு. "மச்சான், அடுத்த லாங் வீக்கெண்ட் கேசினோ இருக்க ஊரு எதுக்காவது போவோமா? உள்ள எப்படி இருக்கும்னே நான் பாத்ததில்ல." அவரு திருச்சிலேருந்து வந்து மூணு வருஷம் ஆச்சு, எஸ் பாஸ்னு வேலை அனுமதில இருக்காரு, தினமும் கேசினோ இருக்க மரினா பே சாண்ட்ஸ் ஹோட்டல தாண்டித்தான் வேலைக்குப் போறாரு, இதுவரைக்கும் உள்ள கால் வச்சதில்ல. நான் மலேசியால மலை மேல இருக்க கெந்திங் மூணு தடவ, சீனாவுல இருக்க மக்காவ் ஒரு தடவ போயிருக்கேன், அதனால வீட்டுல இந்த விஷயத்துக்கு நான்தான் ஆளுன்னு முடிவு பண்ணிட்டாங்க. அவருக்கு வாட்ஸ்அப்ல துண்டு துண்டா சொன்னத இங்க ஒரே எடத்துல எழுதுறேன்.

மொதல்ல அந்த 150 வெள்ளி கதைய முடிச்சிடுறேன், ஏன்னா எல்லாரும் அங்கதான் தப்புக் கணக்கு போடுறாங்க. சிங்கப்பூர் கேசினோக்குள்ள போக சிட்டிசனும் பிஆரும் (நிரந்தரவாசி) லெவின்னு ஒரு நுழைவுக் கட்டணம் கட்டணும். 2010ல ரெண்டு கேசினோவும் தொறந்தப்ப ஒரு நாளைக்கு 100 வெள்ளி, வருஷத்துக்கு 2000. 2019 ஏப்ரல்லேருந்து 150, வருஷத்துக்கு 3000. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரங்களுக்கு லெவி இல்ல, அதாவது மாப்பிள்ளைக்கு சும்மா, எனக்கு 150. "அப்ப கெந்திங் போனா அந்தக் காசு மிச்சம்தானே"ன்னுதான் எல்லாரும் கெளம்புறாங்க. நான் ஒரு கணக்கு போட்டுப் பாத்தேன். பாக்காராட்னு சீட்டாட்டத்துல பேங்கர், பிளேயர்னு ரெண்டு பக்கம், அதுல பேங்கர் பக்கம் வச்சா கேசினோவோட லாபம் 1.06 சதவீதம். ஒரு ஆட்டத்துக்கு 25 வெள்ளி, மணிக்கு அறுபது ஆட்டம்னு வச்சிக்கங்க, மொத்தம் 1500 வெள்ளி மேசை மேல உருளுது, அதுல சராசரியா போறது மணிக்கு 16 வெள்ளிகிட்ட. அப்படின்னா லெவின்றது ஒன்பது மணி நேரத்துக்கு மேல ஆடித் தோக்குற காச வாசல்லயே கட்டிட்டு உள்ள போற மாதிரி. இது சராசரிதான், ஒரே ராத்திரில ஆயிரம் போறவங்களும் உண்டு. ரெண்டு பக்கமும் சமமா வரும்னு கட்டுற அந்த 'டை'ல மட்டும் கைய வைக்காதீங்க, எட்டு மடங்குன்னு ஆசை காட்டும், ஆனா அதுல கேசினோ எடுக்குறது 14 சதவீதத்துக்கு மேல.

சரி, அப்ப லெவி இல்லாத ஊருக்குப் போனா லாபமா? போக்குவரத்து, ரூமு, சாப்பாடு எல்லாம் சேத்தா ரெண்டு பேரோட லெவிய விட அதிகம்தான் ஆகும். அதனால "லெவிய மிச்சம் பண்றேன்"னு எங்கயும் போகாதீங்க. போற ஊரு புடிச்சிருந்தா போங்க.

கெந்திங்

சிங்கப்பூர் தமிழாளுங்க பாதி பேருக்கு கேசினோன்னாலே கெந்திங்தான், எங்க அப்பா காலத்துலேருந்து. லிம் கோ டோங்னு ஒருத்தர், கேமரன் மலைல மின்சாரத் திட்ட வேலை பாத்துக்கிட்டு இருந்தப்ப, கோலாலம்பூருக்குப் பக்கத்துலயே இந்த மாதிரி குளிரான எடம் வேணும்னு யோசிச்சு 1965ல ஆரம்பிச்சது. 1800 மீட்டர் உயரம், அந்தக் காலத்துல அங்க ரோடு போடுறதே பைத்தியக்காரத்தனம்னு சொல்லியிருப்பாங்க. இப்ப அங்க ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ஹோட்டல்ல மட்டும் 7351 ரூமு, உலகத்துலயே அதிக ரூமு இருக்க ஹோட்டல்னு கின்னஸ் சாதனை. அத்தன ரூமு இருந்தா லாங் வீக்கெண்ட்ல செக் இன் கியூ எப்படி இருக்கும்னு நீங்களே நெனச்சுப் பாத்துக்கங்க.

கெந்திங்க பத்தி உண்மையான பிரச்சினை கெந்திங் இல்ல, சிங்கப்பூரையும் மலேசியாவையும் சேக்குற காஸ்வே. ஒரு தடவ ஹரி ராயா லீவுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணி பஸ் எடுத்தோம், என் ஐடியாதான், வேலை முடிச்சிட்டு நேரா கெளம்பிடலாம்னு. உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடில நாலு மணி நேரம். எறங்கி இமிகிரேஷன் முடிச்சிட்டு வந்தா நம்ம பஸ்ஸக் காணோம், டிரைவர் அங்கிள் ஃபோன எடுக்கல, அம்மா ஒரு பக்கம் கால் வலிக்குதுன்னு பெட்டி மேல உக்காந்துட்டாங்க, சின்னவன் தூங்கி விழுறான், கடைசில வேற ஏதோ பஸ் பின்னாடி ஒளிஞ்சு நின்னுக்கிட்டு இருந்துச்சு. மலைக்கு மேல போய்ச் சேந்தப்ப விடிஞ்சு வெயில் வந்துருச்சு. அதுலேருந்து ஒரே ரூல்தான்: ஒரு நாள் லீவு போட்டு வியாழன் ராத்திரியே போயிடணும், இல்லன்னா சாங்கிலேருந்து ஒரு மணி நேர ஃப்ளைட்டுல கேஎல் போய் அங்கேருந்து பஸ் புடிக்கணும். சொந்த காருன்னா மலேசியாவுக்குள்ள ஓட்ட விஇபின்னு வண்டி அனுமதி வேணும், சிங்கப்பூர் எல்லைய தாண்டும்போது டேங்க்ல முக்கால் அளவு பெட்ரோல் இருக்கணும், அந்தப் பக்கம் மஞ்சக் கலர் ரான் 95 பெட்ரோல நம்ம வண்டிக்கு ஊத்தக் கூடாது.

மேல போயிட்டா மத்த எல்லாம் மறந்துடும், அதையும் சொல்லணும். அவானா ஸ்கைவே கேபிள் காருல மேகத்துக்குள்ள பூந்து போறது, நடுவுல சின் ஸ்வீன்னு சீனக் குகைக் கோயில்ல எறங்கிக்கலாம், எங்க அம்மா அங்க எறங்கி விபூதி கெடைக்குமான்னு கேட்டாங்க. புள்ளைங்களுக்கு 2022ல தொறந்த ஸ்கைவேர்ல்ட்ஸ் தீம் பார்க் வெளில இருக்கு, மழை வந்தா உள்ள ஸ்கைட்ராபோலிஸ், மேல அடிக்கடி மழை வரும், பனிமூட்டத்துல ரைடு எல்லாம் நிக்கும், அதனால டிக்கெட்ட ரொம்ப முன்னாடியே வாங்கி வைக்காதீங்க. கேசினோக்கு 21 வயசு. மலேசியாவுல முஸ்லிம்களுக்கு கேசினோ தடை, அதனால உங்க கூட்டாளிங்க கலந்து போறீங்கன்னா இத முன்னாடியே பேசிடுங்க, வாசல்ல வச்சு பேசுனா நல்லா இருக்காது.

இன்னொண்ணு, இறங்கி வரும்போது பத்துமலை கிட்டத்தட்ட வழிலதான். 272 படி, 42.7 மீட்டர் முருகன். மேல சூதாடிட்டு கீழ வந்து சாமி கும்புடுறது என்ன கணக்குன்னு எங்க அண்ணி கேட்டாங்க, அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல, ஆனா அடிவாரத்துல வாழை இலை சாப்பாடு நல்லா இருந்துச்சு.

மக்காவ்

இது வேற ஆட்டம். கெந்திங் ஒரு மலைல ஒரு கம்பெனி, மக்காவ் ஒரு ஊரே அப்படி. சீனாவுலயே சட்டப்படி கேசினோ இருக்க ஒரே எடம், 1999 டிசம்பர் 20 வரைக்கும் போர்ச்சுகல் கையில இருந்துச்சு. ஸ்டான்லி ஹோன்னு ஒரு தொழிலதிபரோட கம்பெனி மட்டுமே நாப்பது வருஷம் கேசினோ நடத்திச்சு, அப்புறம் கதவத் தொறந்து விட்டாங்க, 2004ல சாண்ட்ஸ் மக்காவ், 2007ல வெனிஷியன். சாண்ட்ஸ்னு கேட்டதும் புரிஞ்சிருக்கும், நம்ம மரினா பேல இருக்கதும் அதே குடும்பம்தான். சிங்கப்பூரோட இன்னொரு கேசினோ, செந்தோசா தீவுல இருக்கது, கெந்திங்கோட புள்ள. அதனால "வெளிநாட்டு கேசினோல என்ன புதுசா இருக்கும்"னு கேட்டா, மேசையும் மெஷினும் கிட்டத்தட்ட அதேதான், வீட்டுல பாத்த ஆளோட அண்ணன பாக்கப் போற மாதிரி.

அப்ப எதுக்குப் போகணும்னா, ஊருக்குத்தான். செயின்ட் பால்ஸ்னு ஒரு சர்ச்சு, 1835ல தீப்புடிச்சு எரிஞ்சுது, இப்ப முன்பக்கச் சுவரு மட்டும் படிக்கட்டு உச்சில நிக்குது, பின்னாடி ஒண்ணுமே இல்ல. அந்தப் படிக்கட்டுல உக்காந்து முட்டை டார்ட் சாப்பிட்டதுதான் எனக்கு அந்த டிரிப்புல மனசுல நிக்குது, வெனிஷியனுக்குள்ள கால்வாய் வெட்டி படகு ஓட்டுறது இல்ல. வெனிஷியன்ல ஒரு வாசல்லேருந்து இன்னொரு வாசலுக்கு நடந்தே கால் போயிடும், நல்ல ஷூ போட்டுக்கங்க.

போறது கஷ்டமில்ல, ஸ்கூட் விமானம் நேரா பறக்குது, கிட்டத்தட்ட நாலு மணி நேரம். டைம் கூட ஒண்ணுதான். சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு விசா வேணாம், இந்திய பாஸ்போர்ட்டுக்கும் மக்காவ் 30 நாள் விசா இல்லாம விடுது, ஆனா ஹாங்காங் வழியா போனா இந்திய பாஸ்போர்ட்காரங்க முன்னாடியே ஆன்லைன்ல பதிவு பண்ணணும், இத மறந்துட்டு ஏர்போர்ட்ல நிக்காதீங்க. ஹாங்காங்லேருந்து ஃபெர்ரி ஒரு மணி நேரம், இல்லன்னா 2018ல தொறந்த பாலத்துல பஸ். அந்த ஊரு காசு பட்டாக்கா, ஆனா கேசினோ மேசைல ஹாங்காங் டாலர்தான் ஓடுது. பெரிய ஹோட்டல்காரங்க ஃப்ரீயா ஷட்டில் பஸ் விடுறாங்க, தங்காதவங்களும் ஏறலாம், நாங்க டாக்ஸியே எடுக்கல.

மக்காவ்ல எனக்கு புடிக்காதது ரெண்டு. ஒண்ணு மேசைல மினிமம் பந்தயம், வீக்கெண்ட் ஆயிட்டா ஏத்திடுறாங்க, சும்மா பாத்துட்டு சின்னதா ஆடலாம்னு போற நம்ம மாதிரி ஆளுக்கு மெஷின் முன்னாடி உக்கார்றதுதான் விதி. ரெண்டாவது சைவச் சாப்பாடு. வெனிஷியன்ல கோல்டன் பீக்காக்னு முன்னாடி மிச்செலின் ஸ்டார் வாங்குன இந்தியன் ரெஸ்டாரன்ட் இருக்கு, ஆனா மூணு வேளையும் அங்கயே சாப்பிட்டா கேசினோல தோக்க காசு இருக்காது. புரட்டாசில மட்டும் போயிடாதீங்க.

இங்கயே இருந்தா

இது சோம்பேறி வழின்னு நெனைக்காதீங்க. மரினா பே சாண்ட்ஸ்ல ஒரு ராத்திரி ரூம் போட்டா 57வது மாடி நீச்சல் குளம், ரூம் போட்டவங்களுக்கு மட்டும்தான் அது. பயணம்னு ஒண்ணு கெடையாது, காஸ்வே கெடையாது, எம்ஆர்டி ரயில்ல போகலாம். ஆனா நான் சொல்றது என்னன்னா, ரூமுக்கு அவ்வளவு குடுத்துட்டு அப்புறம் லெவியும் கட்டி கேசினோக்குள்ள போய் உக்காந்தா குளத்த எப்ப பாக்குறது? தங்குனா கேசினோ பக்கமே போகாதீங்க, கேசினோ போகணும்னா தங்காதீங்க.

இங்க ஒரு பாதுகாப்பும் இருக்கு. கேசினோக்குள்ள ஏடிஎம் வைக்கக் கூடாதுன்னு சட்டம். நம்மளயே நாம தடை பண்ணிக்கலாம், குடும்பத்துல இருக்கவங்க கூட விண்ணப்பம் போட்டு தடை வாங்கலாம். எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன் அப்படித்தான் தானே எழுதிக் குடுத்துட்டு வந்தாரு, ஆறு மாசம் நல்லா இருந்தாரு, இப்ப மாசா மாசம் மலை ஏறுறாரு. அந்தத் தடை காஸ்வே தாண்டாது.

லாஸ் வேகஸ் கேட்டாங்க சில பேரு. நேரடி ஃப்ளைட் இல்ல, போக ஒரு நாள் வர ஒரு நாள், மூணு நாள் லீவுல போய்ட்டு ஏர்போர்ட்டயா பாக்குறது?

இனிமே முக்கியமான விஷயம், எந்த லீவுக்கு எந்த ஊரு. இத யாரும் யோசிக்கிறதில்ல. மே 1 நமக்கும் லீவு, சீனாவுக்கும் பெரிய லீவு, அன்னைக்கு மக்காவ் போனா தேக்கா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மாதிரி இருக்கும். ஆகஸ்ட்ல தேசிய தினம் லாங் வீக்கெண்டா வந்தா அது அங்க புயல் சீசன், 2018 செப்டம்பர்ல மங்குட் புயலுக்கு அத்தன கேசினோவையும் 33 மணி நேரம் மூடிட்டாங்க, அதுக்கு முன்னாடி அப்படி மூடுனதே இல்லயாம். தீபாவளி சமயம் மக்காவ்ல வெயில் மழை ரெண்டும் இல்லாம அருமையா இருக்கும், ஆனா தீபாவளிக்கு சூதாடப் போறேன்னு உங்க அம்மாகிட்ட யாரு சொல்றது. குட் ஃப்ரைடே எப்பவுமே வெள்ளிதான், கெந்திங்குக்கு அத எடுத்துக்கலாம், மலேசியாவுல பெரும்பாலான மாநிலத்துல அன்னைக்கு லீவு இல்ல, மலைல ஏறுறவங்க கொஞ்சம் கம்மி. சீனப் புத்தாண்டுக்கு மூணு எடமும் வேணாம்.

என்னக் கேட்டா, வயசானவங்களும் புள்ளைங்களும் கூட வந்தா கெந்திங், கணவன் மனைவி மட்டும்னா நாலு நாள் கெடைச்சா மக்காவ், மூணு நாளுக்கு மக்காவ் போகாதீங்க, ஊர பாக்காமலே திரும்பிடுவீங்க. எங்க போனாலும் ஆடுற காச தனிக் கவர்ல வச்சிட்டு கார்ட ரூம் சேஃப்ல பூட்டிடுங்க, எனக்கு 200 வெள்ளி கவரு.

இவ்வளவையும் சொல்லிட்டு மாப்பிள்ளைகிட்ட கேட்டேன், உள்ள எப்படி இருக்கும்னு பாக்கத்தானே ஆசை, நீங்க பாஸ்போர்ட்ட காட்டிட்டு நாளைக்கு சாயங்காலமே மரினா பேல சும்மா உள்ள போய்ட்டு வரலாமேன்னு. கொஞ்ச நேரம் பேசாம இருந்தாரு. அப்புறம், "அது தெரியும் மச்சான். தனியா போக பயமா இருக்கு. கூட யாராவது இருந்தா எழுந்து வந்துடலாம்ல" அப்படின்னாரு.

அதனால கெந்திங்தான், எல்லாரும் போறோம். வியாழன் ராத்திரி பஸ், டிக்கெட் போட்டாச்சு. அம்மாவுக்கு ஸ்வெட்டர் இல்ல, இந்த ஞாயித்துக்கிழமை முஸ்தபா கடைக்குப் போகணும்.