டயப்பரா, காண்டம் கத்தீட்டரா, கிளாம்பா? ஆண்களின் சிறுநீர்க் கசிவுக்கு எதை அணிவது

புராஸ்டேட் புற்றுநோய்க்காக அந்தச் சுரப்பியை முழுமையாக அகற்றிக்கொண்டவர்களில் பெரும்பாலோருக்கு, அறுவையின்போது பொருத்திய சிறுநீர்க் குழாயை ஒன்றிரண்டு வாரங்களில் எடுத்தவுடன் சிறுநீர் கசியத் தொடங்குகிறது. சிறுநீர்ப்பையின் வாயில் இயல்பாக இரண்டு அடைப்புகள் உண்டு. சுரப்பியோடு சேர்ந்து மேலுள்ள அடைப்பும் போய்விடுவதால், கீழிருக்கும் சுருக்குத்தசை ஒன்றே இருமல், தும்மல், எழுந்து நிற்றல் ஆகியவற்றின் அழுத்தம் அனைத்தையும் தாங்க வேண்டியதாகிறது. இடுப்புத்தளத் தசைகளுக்கான கெகல் பயிற்சியை ஒழுங்காகச் செய்துவந்தால், ஓராண்டுக்குள் பெரும்பாலோருக்குக் கசிவு நின்றுவிடுகிறது அல்லது பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அவ்வாறு நிற்காத சிறுபான்மையினரில் நானும் ஒருவன். செயற்கைச் சுருக்குத்தசை பொருத்தும் அறுவை இருக்கிறது. ஆனால் அதன் செலவையும், இன்னொரு முறை அறுவைக்கு உடன்படுவதையும் எண்ணித் தள்ளிவைத்திருக்கும் என் போன்றோர், உடலில் அணிந்துகொள்ளும் சாதனங்களைக் கொண்டே காலத்தை ஓட்டியாக வேண்டும்.

என் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பகலில் காண்டம் கத்தீட்டரும் (ஆணுறை போல மாட்டும் உறை) அதனோடு இணைந்த லெக் பேக்கும் (காலில் கட்டும் சிறுநீர்ப் பை), இரவில் டயப்பர், மிக அரிதாக, ஒரு மணி நேரத் தேவைக்கு மட்டும் கிளாம்ப் (சிறுநீர்வழியை அழுத்தி மூடும் கவ்வி). விலை, வசதி, வெளியே தெரியாமை என்று பல கோணங்களிலிருந்தும் இவற்றை எடைபோடலாம் என்றாலும், என்னைப் பொறுத்தவரை இறுதியில் தீர்மானித்தது தோல் ஒன்றுதான். அதனால் கீழே அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எதை வாங்குவதற்கு முன்பும் கசிவின் அளவை அறிந்துகொள்வது நல்லது. ஒரு நாள் முழுவதும் பயன்படுத்திய பேட்களை ஒரு நெகிழிப் பையில் சேர்த்து எடைபோட்டு, அதே எண்ணிக்கையிலான புதிய பேட்களின் எடையைக் கழித்தால், ஒரு கிராமுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர் என்ற கணக்கில் விடை கிடைத்துவிடும். நாளொன்றுக்கு 100 கிராமுக்குக் கீழே இருந்தால் லேசானது, 400 கிராமைத் தாண்டினால் கடுமையானது என்று மருத்துவர்கள் பொதுவாகப் பிரிக்கிறார்கள். லேசான கசிவு உள்ளவர்கள் உள்ளாடைக்குள் ஒட்டிக்கொள்ளும், ஆண்களுக்கென முன்பக்கம் குழிவாகத் தைத்த பேட்டோடு நிறுத்திக்கொள்ளலாம்; அவர்களுக்கு மற்றவை தேவையில்லை. சிறுநீர்ப்பை காலியாகாமல் நிரம்பி வழிவதாலும் கசிவு உண்டாகும் என்பதால், காரணத்தைச் சிறுநீர்ப்பாதை மருத்துவரான யூராலஜிஸ்ட் உறுதிசெய்த பிறகே இந்தத் தேர்வெல்லாம்.

டயப்பரின் நிறைகளை விளக்க வேண்டியதில்லை. எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். போடுவதற்குப் பயிற்சி வேண்டாம். பேன்ட் வடிவில் வருவதை உள்ளாடை போலவே இழுத்து அணிந்துகொள்ளலாம். உள்ளே இருக்கும் உறிஞ்சும் பொடி சுத்தமான நீரைத் தன் எடையைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு பிடித்துக்கொள்ளக்கூடியது. ஆனால் சிறுநீரில் உப்பு இருப்பதால் அந்தத் திறன் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. மேலும், நாம் அதன்மேல் அமரும்போது உடலின் எடை அழுத்துவதால், உறிஞ்சப்பட்டதில் ஒரு பகுதி மேற்பரப்புக்கே திரும்பி வருகிறது. அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் மணிக்கணக்கை நம்பி ஒரே டயப்பரோடு அரைநாள் அமர்ந்திருப்பவர், ஈரத்தின்மீதுதான் அமர்ந்திருக்கிறார்.

ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை கொண்டது. அதுவே கிருமிகளுக்கு எதிரான முதல் தடுப்பு. சிறுநீரிலுள்ள யூரியாவைத் தோலின்மீதுள்ள பாக்டீரியாக்கள் சிதைத்து அம்மோனியாவாக மாற்றும்போது, அந்த அமிலத்தன்மை குலைந்து, காரத்தன்மை ஏறுகிறது. ஈரத்தில் ஊறி வெளுத்துப்போன மேல்தோல், நடக்கையில் தொடையோடு தொடை உரசும்போது எளிதில் உரிகிறது. உரிந்த இடத்தில் பூஞ்சை குடியேறுகிறது. பின்புறம் நெகிழித்தாள் ஒட்டிய டயப்பருக்குள் வெப்பமும் வியர்வையும் சேர்ந்தே தங்குவதால், சித்திரை, வைகாசி மாதங்களில் சென்னையில் இதன் வேகம் சொல்லத் தேவையில்லாதது. விதைப்பைக்கும் தொடைக்கும் இடையிலுள்ள மடிப்பு முதலில் சிவந்து, பிறகு எரிந்து, ஓரங்களில் சிறு பருக்கள் தோன்றினால் அது வெறும் வேர்க்குரு அன்று, பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு டால்கம் பவுடரைக் கொட்டுவதைவிட மருத்துவரிடம் காட்டிப் பூஞ்சைக்கான களிம்பு வாங்குவதே சரி. சர்க்கரை நோயாளிகள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். குறிப்பாக, டாபாகிளிஃப்லோசின் வகை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றியே வேலைசெய்பவை என்பதால், சிறுநீரின் அளவையும் கூட்டுகின்றன, பிறப்புறுப்புப் பகுதியில் பூஞ்சை வளர்வதற்கும் இடம் கொடுக்கின்றன. கசிவும் இந்த மாத்திரையும் ஒன்றாக இருப்பவர் அதை மருத்துவரிடம் சொல்லாமல் விடக்கூடாது. தாமாக நிறுத்திவிடவும் கூடாது.

டயப்பரோடு தோலைக் காப்பாற்ற முடியாது என்பதில்லை. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் வெறும் தண்ணீராலோ மிக மென்மையான சோப்பாலோ கழுவி, துணியால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, சில நிமிடங்கள் காற்றாட விட்டு, துத்தநாக ஆக்சைடு களிம்பை மெல்லியதாகப் பூசினால் பெரும்பாலும் தாங்கும். அப்படிச் செய்ய ஒரு நாளில் பல முறை, தண்ணீர் வசதியும் தாழ்ப்பாளும் உள்ள கழிப்பறை வேண்டும். வீட்டில் இருப்பவருக்கு அது நடக்கும். அலுவலகத்திலோ பேருந்திலோ இருப்பவருக்கு நடப்பதில்லை. தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வது தீர்வு போலத் தோன்றும்; ஆனால் சிறுநீர் அடர்த்தியாகி, சிறுநீர்ப்பையை உறுத்தி, நாற்றத்தையும் அவசரத்தையும் கூட்டுவதே அதனால் கிடைக்கும் பலன்.

காண்டம் கத்தீட்டர் இந்தச் சிக்கலை வேரிலேயே தவிர்க்கிறது. ஆணுறை போன்ற ஓர் உறை. அதன் நுனியிலிருந்து ஒரு குழாய். குழாயின் மறுமுனையில் தொடையிலோ கெண்டைக்காலிலோ பட்டையால் கட்டிக்கொள்ளும் பை. சிறுநீர் வந்த கணமே வழிந்து பைக்குப் போய்விடுவதால், விதைப்பையும் தொடைமடிப்பும் நாள் முழுவதும் உலர்ந்தே இருக்கின்றன. பை மூடியிருப்பதால் நாற்றமும் வெளியே வருவதில்லை. மாற்றும் வேலை நாளுக்கு ஒரு முறைதான்.

ஆனால் இதற்கென்று ஒரு பராமரிப்பு உண்டு. அதில் அசிரத்தையாக இருப்பவர் ஒரே வாரத்தில் இதை வெறுத்துவிடுவார். முதலாவது அளவு. உறைகள் 25, 30, 35 மில்லிமீட்டர் என்பன போன்ற விட்ட அளவுகளில் வருகின்றன. ஒரு நூலைச் சுற்றிச் சுற்றளவை எடுத்து 3.14ஆல் வகுத்தால் விட்டம் தெரிந்துவிடும். சுற்றளவு 94 மில்லிமீட்டர் என்றால் 30 அளவு. பெரிதாக எடுத்தால் மடிப்பு வழியே கசியும், சிறிதாக எடுத்தால் இறுக்கும். இரண்டாவது, பொருள். மலிவாகப் பரவலாகக் கிடைப்பது ரப்பர் உறை. ஒளிபுகாததால் உள்ளே தோல் எப்படி இருக்கிறது என்று தெரியாது, சிலருக்கு ஒவ்வாமையும் வரும். சிலிகான் உறை விலை அதிகமென்றாலும் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், உட்புறமே ஒட்டும் தன்மை கொண்டிருப்பதால் தனிப் பட்டை வேண்டியதில்லை. நான் பயன்படுத்துவது சிலிகான். ரப்பரை நீண்ட காலம் அணிந்து பார்த்ததில்லை என்பதால் அதைப் பற்றி உறுதியாகச் சொல்லமாட்டேன். சென்னையில் பாரிமுனைப் பக்கம் நைனியப்ப நாயக்கன் தெருவின் சர்ஜிகல் கடைகளில் விசாரித்தால் இரண்டுமே கிடைக்கும். முதலில் பெட்டியாக வாங்காமல், அருகருகே உள்ள இரண்டு அளவுகளில் ஒவ்வொன்று வாங்கிப் பார்ப்பது நலம்.

அணியும் முறையில்தான் பெரும்பாலான தோல்விகள் நிகழ்கின்றன. தோல் முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும்; எண்ணெய், களிம்பு, பவுடர் எதுவும் இருக்கக்கூடாது. இரவில் களிம்பு பூசி டயப்பர் போடும் என் போன்றவர் காலையில் அதை நன்றாகக் கழுவிப் போக்கிய பிறகே உறையை எடுக்க வேண்டும், இல்லையேல் மதியத்துக்குள் கழன்றுவிடும். முடியைச் சவரம் செய்யாமல் கத்தரியால் ஒட்டக் கத்தரித்தால் போதும். சவரம் செய்த தோலில் பசை எரியும். நுனிக்கும் உறையின் குழாய்ப்பகுதிக்கும் இடையே ஓரிரு சென்டிமீட்டர் இடம் விட்டு உருட்டிவிட்டு, கையால் மெதுவாகப் பொத்திச் சில நொடிகள் பிடித்திருந்தால் உடல்சூட்டில் பசை நன்றாகப் பற்றும். கழன்றுவிடுமோ என்ற அச்சத்தில் மேலே பிளாஸ்டரைச் சுற்றுவது மிகுந்த ஆபத்து. நீளாத பிளாஸ்டர் இரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடக்கூடும். கழற்றும்போது பிய்க்காமல், வெதுவெதுப்பான நீரில் நனைத்து உருட்டி எடுக்க வேண்டும். பிறகு தோலைச் சிறிது நேரம் சும்மா விட்டு, சிவப்போ வீக்கமோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். இருந்தால் அன்று உறை வேண்டாம்.

பையைப் பற்றிச் சொல்லும்போது நம் உடையும் அமரும் விதமும் குறுக்கே வருகின்றன. பேன்ட்டுக்குள் கெண்டைக்காலில் கட்டிய 500 மில்லிலிட்டர் பை வெளியே தெரியாது. வேட்டியை மடித்துக் கட்டினால் தெரிந்துவிடும், அப்போது தொடையில் கட்டுவதே வழி. தரையில் சம்மணமிட்டு அமரும்போது பை ஏறக்குறைய சிறுநீர்ப்பையின் மட்டத்துக்கே வந்துவிடுகிறது, முழங்கால் மடிப்பில் குழாயும் மடங்குகிறது. திரும்பி வராமல் தடுக்கும் வால்வு உள்ள பையாக இருந்தாலும் வடிவது தடைப்பட்டு உறைக்குள் தேங்கினால், உறை உப்பிக் கழன்றுவிடும். ஆகையால் பந்தியிலோ பூசையிலோ நெடுநேரம் தரையில் அமர வேண்டியிருந்தால் நாற்காலி கேட்டுவிடுவதில் தவறில்லை. பை மூன்றில் இரண்டு பங்கு நிரம்பும் முன்பே காலிசெய்துவிட வேண்டும். அதன் எடையே உறையை இழுத்துவிடும். சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் இரவுப் பேருந்தில் இதன் அருமை புரியும்: உணவகத்தில் வண்டி நிற்கும்போது, உடையைக் கழற்றாமல், காலடியில் உள்ள வால்வைத் திறந்தால் வேலை முடிந்தது.

செலவில் பெரிய வேறுபாடு இல்லை என்பது என் கணிப்பு. டயப்பர் ஒன்று 30, 40 ரூபாயிலிருந்து தொடங்குகிறது. கடுமையான கசிவுக்கு நாளொன்றுக்கு நான்கைந்து ஆகும். உறை நாளுக்கு ஒன்றும், லெக் பேக் வாரத்துக்கு ஒன்றும் போதும் என்பதால், ரப்பர் உறை எடுப்பவருக்குக் காண்டம் கத்தீட்டரே மலிவாக முடியும், சிலிகான் எடுப்பவருக்கு ஏறக்குறையச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ ஆகும். குப்பை மட்டும் தெளிவாகக் குறைகிறது. திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி பயன்படுத்திய டயப்பரைச் சுற்றிக் கட்டித்தான் குப்பையில் சேர்க்க வேண்டும் என்பதால், நாளுக்கு ஐந்து பொட்டலம் கட்டும் வேலையும் அடுக்ககத்தில் அதை எடுத்துச்செல்லும் சங்கடமும் உண்டு.

கிளாம்ப் என்பது ஆணுறுப்பின்மேல் பொருத்தி, உள்ளேயுள்ள சிறுநீர்வழியை அழுத்தி மூடும் பஞ்சு வைத்த கவ்வி. கசிவை நிறுத்துவதில் இதற்கு நிகர் வேறில்லை. ஆனால் இரத்த ஓட்டத்தையும் ஓரளவு குறைக்கிறது. ஓரிரு மணி நேரத்துக்கு ஒரு முறை கழற்றிச் சிறுநீர் கழித்துவிட்டு, இடத்தையும் சற்று மாற்றிப் போட வேண்டும். உறக்கத்தில் போடவே கூடாது. தொடு உணர்வு குறைந்த சர்க்கரை நோயாளிகளும் மறதி நோய் உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும். நடைப்பயிற்சிக்கு மட்டும் நான் சில முறை அணிந்திருக்கிறேன். வலி என்று சொல்லமாட்டேன், ஆனால் அது அங்கே இருப்பதை ஒரு நொடியும் மறக்க முடிவதில்லை.

2015இல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில், புராஸ்டேட் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் கசிவு நீடித்த 56 ஆண்கள் உறை, கிளாம்ப், இடுப்பில் கட்டும் சிறுநீர்க்கலம் ஆகிய மூன்றையும் பேட்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அன்றாடத்துக்கும் இரவுக்கும் பேட், நீச்சல் போன்ற குறுகிய நேர உடலுழைப்புக்குக் கிளாம்ப், பயணத்துக்கும் கோல்ஃப் ஆட்டத்துக்கும் உறை என்று அவர்கள் பிரித்துக்கொண்டார்கள். கோல்ஃப் என்றிருந்த இடத்தில் கல்யாண வீடு என்று மாற்றிப் படித்துக்கொண்டேன். மற்றபடி, அன்றாடத்துக்கும் உறைதான் என்ற ஒன்றைத் தவிர, என் அனுபவம் அதோடு ஒத்தே போகிறது. இரவில் புரளும்போது குழாய் முறுக்கிக்கொள்வதாலும், உறக்கத்தில் இயல்பாக ஏற்படும் விறைப்பு உறையைத் தளர்த்திவிடுவதாலும் நானும் டயப்பருக்கே திரும்புகிறேன். படுத்திருக்கும்போது கசிவும் எனக்குக் குறைவு. அறுவை முடிந்த முதல் மாதங்களில் உறையைத் தொடங்க வேண்டாம் என்று என் மருத்துவர் சொன்னதையும் இங்கே குறிப்பிட வேண்டும்: பேட்டின் எடை குறைவதைப் பார்த்தால்தான் பயிற்சி பலன் தருகிறதா என்று தெரியும்.

உறுப்பு உள்வாங்கியிருப்பவர்களுக்கு, குறிப்பாக வயிறு பெருத்த முதியவர்களுக்கு, உறை நிற்காது. அவர்களுக்காகவே அந்த இடுப்பில் கட்டும் கலம் இருக்கிறது. பிரிட்டன் ஆய்வில் அது பொதுவாக உறையைவிடக் குறைந்த மதிப்பெண்ணே பெற்றது, நான் அணிந்து பார்த்ததில்லை. படுக்கையோடு இருக்கும் முதியவரைப் பார்த்துக்கொள்வோர், வேலை குறையுமே என்று உள்ளே செலுத்தும் குழாயையே நிரந்தரமாக வைத்துவிடச் சொல்வதுண்டு. 2006இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மறதி நோய் இல்லாத ஆண்களுக்கு உள்குழாயைவிடக் காண்டம் கத்தீட்டரில் தொற்று முதலான தீங்குகள் குறைவு என்று தெரியவந்தது. மறதி நோய் உள்ளவரிடத்தில் அந்த நன்மை தெளிவாகத் தெரியவில்லை. அவர் உறையை இழுத்துக் கழற்றிவிடவும் கூடும் என்பதால், அடிக்கடி மாற்ற ஆள் இருக்கும் வீட்டில் டயப்பரே அவருக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.